கல்முனைக் கரையோரக் கைகளின் வறட்சி: ஒரு பூர்வாங்க விசாரணை

கல்முனைப் பக்கத்தைப் பற்றி ஆய்வாளர்கள் எழுதாமல் விட்டது அதிகமில்லை. நெல்லைப் பற்றி எழுதிவிட்டார்கள். மருதமுனைக் கைத்தறியைப் பற்றியும் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்தைப் பற்றியும் எழுதிவிட்டார்கள். தாய்வழிக் குடிமுறையை ஆராய அமெரிக்காவிலிருந்து டெனிஸ் மெக்கில்வ்ரே என்பவர் வந்து, அக்கரைப்பற்றில் தங்கி, 2008இல் தடித்த புத்தகமே போட்டார். அவருக்குச் சோறு ஆக்கிப்போட்ட கைகள் வெடித்திருந்தனவா, வழவழப்பாக இருந்தனவா என்பது பற்றி மட்டும் புலமை உலகம் மௌனம் சாதிக்கிறது. அந்தக் குறையைப் போக்கவே இக்கட்டுரை.

ஆய்வின் புவியியல் எல்லை மருதமுனையில் தொடங்கி, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை ஊடாக அக்கரைப்பற்றில் முடிகிறது. பொத்துவில் வரை போக பஸ் காசு போதவில்லை. உடற்கூற்று எல்லை மணிக்கட்டு. முழங்கை பிறிதொரு துறை. பிரதான ஆய்வுப்பொருள் எனது சாச்சியின் இரு கைகள். ஒப்பீட்டுக்காகச் சாச்சாவின் இரு கைகளும் அவ்வப்போது பரிசோதிக்கப்பட்டன.

வறட்சியை அளக்க வெளிநாட்டில் மின்கருவி வைத்திருக்கிறார்கள். இங்கே பட்டுச் சாறி போதும். பெருநாளுக்கு எடுத்த சாறியின் மேல் விரல் நுனியை மெதுவாக இழுக்க வேண்டும். சத்தமில்லாமல் வழுக்கிப் போனால் கை நலம். ‘சர்ர்’ என்றால் முதலாம் பாகை. இழை கிளம்பினால் இரண்டாம் பாகை. சாறிக்குச் சொந்தக்காரி கத்தினால் மூன்றாம் பாகை. சாச்சியின் வலது கட்டைவிரல் மூன்றாம் பாகையில் நிற்கிறது. விரல் மடிப்புகளில் மெல்லிய வெடிப்பு, நகக்கண் ஓரம் சிவப்பு, முட்டிகளின் மேல் மாப்பூசியது போன்ற வெள்ளை. இரவில் விரல் இடுக்கில் அரிப்பு. தேசிக்காய் பிழிந்தால் எந்தெந்த இடத்தில் வெடிப்பு இருக்கிறது என்று வரைபடம் போட்டதுபோல் தெரியும்.

காரணம் குறித்து ஊரில் மூன்று சிந்தனைப் பள்ளிகள் உண்டு. மூத்ததும் செல்வாக்குள்ளதும் சூட்டுப் பள்ளி. “எனக்குச் சூட்டு ஒடம்பு மகன்” என்ற ஒரே வாக்கியத்தில் அதன் முழுத் தத்துவமும் அடங்கிவிடும். கரப்பன் சாப்பாடு என்று இறால், நண்டு, சூரை, கத்தரிக்காய் எல்லாவற்றையும் அது விலக்கி வைக்கிறது. இப்பள்ளியின் விசுவாசமான மாணவி சாச்சி. இறால் வாயில் வைத்து எத்தனையோ காலமாயிற்று என்கிறார். கை மட்டும் மாறவில்லை. இங்கேதான் ஆய்வாளன் குறுக்கிட வேண்டியுள்ளது. 1976இல் டென்மார்க்கில் யோர்த், ரோட்-பீட்டர்சன் என்ற இரு மருத்துவர்கள் சமையல் வேலை செய்வோரின் கைகளைப் பார்த்துவிட்டு, மீனையும் இறாலையும் தொட்டுப் புழங்குவதாலேயே சிலருக்குக் கை அரித்துச் சிவந்து எக்சிமா ஆகிறது என்று எழுதினார்கள். சாச்சி இறால் சாப்பிடுவதைத்தான் நிறுத்தினார். வீட்டில் மற்றவர்களுக்காக உரிப்பதை நிறுத்தவில்லை.

இரண்டாவது, கச்சான் காற்றுப் பள்ளி. இதற்கு வானிலை அறிவியலின் ஆதரவு உண்டு. தென்மேல் பருவக்காற்று தன் மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, கிழக்கே இறங்கும்போது சூடேறி, ஈரமிழந்து வருகிறது. அல்ப்ஸ் மலையடிவாரத்து ஃபோன் காற்றும் இந்தச் சாதிதான். கச்சான் அடிக்கிற மாதங்களில் உதடு வெடிக்கும், துணி பத்து நிமிடத்தில் காயும், தோலும் அப்படியே. ஆனால் அதே காற்றில் முற்றத்தில் கதிரை போட்டு அமர்ந்திருக்கும் சாச்சாவின் கை பூப்போல இருக்கிறது. மாரியில், உடுப்பு மூன்று நாளாகியும் காயாத மார்கழியில், சாச்சியின் கை இன்னும் மோசமாகிறது. காற்றைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து முற்றாக இறக்கிவிட முடியாது. உடந்தை என்று மட்டும் சொல்லலாம்.

மூன்றாவது, கிணற்றுப் பள்ளி. தண்ணி சவர், கடினம், அதுதான் காரணம் என்பார்கள். இங்கிலாந்தில் எக்சிமா உள்ள 336 பிள்ளைகளை வைத்து, வீட்டுக்குத் தண்ணீர் மென்மையாக்கும் இயந்திரம் பூட்டிப் பார்த்தார்கள். 2011இல் வெளியான முடிவு: வழமையான சிகிச்சையை விட மேலதிகப் பலன் ஒன்றுமில்லை. கிணற்றை மூடிவிட்டு மேலே செல்வோம்.

இனி ஆய்வாளனின் சொந்தக் கொள்கை. குற்றவாளி கடல் கடந்து வந்தவனுமல்ல, மலை கடந்து வந்தவனுமல்ல. குசினியில், தொட்டிக்குப் பக்கத்தில், தேய்ந்துபோய்க் கிடக்கும் உடுப்புச் சவர்க்காரத் துண்டுதான். நல்ல தோலின் மேற்பரப்பு லேசான அமிலம். பிஎச் அளவில் 5 சுற்றிவர. சவர்க்காரம் காரம், 9, 10 என்று போகும். அந்த அளவுகோலில் ஒரு படிக்குப் பத்து மடங்கு என்பதால், 5க்கும் 10க்கும் இடையே ஒரு இலட்சம் மடங்கு வித்தியாசம். தோலின் மேலடுக்கில் செத்த செல்கள் அடுக்கடுக்காக இருக்க, அவற்றுக்கிடையே கொழுப்பு இருந்து உள்ளே உள்ள ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. சவர்க்காரம் அந்தக் கொழுப்பைக் கழுவிக்கொண்டு போகிறது. கிடுகு வேலியில் கிடுகு அப்படியே இருக்க, கட்டின கயிறு மட்டும் அறுந்துபோன நிலைமை. பிறகு எந்தக் காற்றும் உள்ளே வரும், எந்த ஈரமும் வெளியே போகும்.

இது புதுக் கண்டுபிடிப்பு என்று மார்தட்ட முடியாது. தொழில் நோய்களைப் பற்றி 1700இல் புத்தகம் எழுதிய இத்தாலிய மருத்துவர் ரமசீனி, சலவைப் பெண்களின் கை காரநீரால் வெடிப்பதை அப்போதே குறித்து வைத்திருக்கிறார். அவருக்கும் சாச்சிக்கும் இடையில் முந்நூறு வருடத்துக்கு மேல் போய்விட்டது. காரநீருக்குப் பதில் சவர்க்காரம் வந்தது.

சாச்சியின் கை ஒரு காலைப்பொழுதில் போகும் பாதை ஆவணப்படுத்தத் தக்கது. சுபஹுத் தொழுகைக்குக் கைகால் கழுவி வுளு. தேநீர்க் கோப்பைகள். மாவு பிசைதல். பிசைந்த ஏனம். மீன்காரனின் சைக்கிள் மணி. மீன் ஆய்ந்து, கழுவி, நாற்றம் போகப் புளி போட்டுக் கையைத் தேய்த்தல். (இதில் சாச்சி விஞ்ஞானியே. மீன் நாற்றம் அமீன் என்ற காரப்பொருளால் வருவது. புளியின் அமிலம் அதை அடக்கிவிடும். அத்தோடு விட்டிருந்தால் கை பிழைத்திருக்கும். மேலே சவர்க்காரமும் போடுகிறார்.) பிறகு உள்ளி உரித்தல். உள்ளிக்கு எக்சிமா வருகிறவர்களிடம் தோல் மருத்துவர்கள் முதலில் பார்ப்பது கத்தி பிடிக்காத கையைத்தான். உள்ளியை அழுத்திப் பிடிக்கிற கட்டைவிரலும் அடுத்த இரு விரல்களும் வெடித்திருந்தால் சந்தேகம் உறுதியாகும். ஜெர்மனியின் தொழிற்பாதுகாப்பு விதிகளில், நாளுக்கு 2 மணித்தியாலத்துக்கு மேல் கை நனைந்திருந்தால் அது ‘ஈர வேலை’. தொழில் கொடுப்பவருக்குப் பொறுப்பு உண்டு. சாச்சி ஜெர்மன் சட்டப்படி காலை ஒன்பதுக்கு முன்பே தகுதி பெற்றுவிடுகிறார். தொழில் கொடுப்பவர் முற்றத்தில் கதிரையில் இருக்கிறார்.

மானிடவியலாளர்கள் தவறவிட்ட ஒரு தொடர்பும் உண்டு. இந்தக் கரையில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வந்த மருமகனுக்கு வெறும் மீனாணத்தோடு சோறு வைப்பது குடும்ப மானத்துக்கு இழுக்கு. பொரியல், பாலாணம், சுண்டல், இறைச்சி என்று ஏனங்கள் பெருகும். சாச்சியின் மகளுக்குக் கல்யாணம் முடிந்ததும் சாறிச் சோதனை ஒரு பாகை கூடியது. தாய்வழிக் குடிமுறைக்கும் மாமியாரின் விரல் வெடிப்புக்கும் உள்ள இந்தத் தொடர்பைத் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் மேலும் ஆராய்வதாயின், ஒலுவில் பக்கத்து மாமிமாரை நான் அறிமுகம் செய்து வைப்பேன்.

நிவாரணத்துக்கு வருவோம். முதல் விதி எளிது: கைக்கு உடுப்புச் சவர்க்காரம் வேண்டாம். வாசமில்லாத மென்மையான சவர்க்காரம், குளிர்ந்த அல்லது இளஞ்சூட்டுத் தண்ணீர், தேய்க்காமல் ஒற்றித் துடைத்தல், ஈரம் முற்றாகக் காயமுன் எதையாவது பூசுதல். எதை என்பதில்தான் தகராறு. வாசம் கமகமக்கிற லோஷனைப் பேத்திகள் வாங்கி வருவார்கள். வெடித்த தோலில் அந்த வாசனைப்பொருளே எரியும், சிலருக்கு ஒவ்வாமையும் தரும். மலிவானதும் மந்தமானதுமான வெள்ளை வாஸ்லினே மேல். 1872இல் அதற்குக் காப்புரிமை பெற்ற செஸ்ப்ரோ தினம் ஒரு கரண்டி தின்றார் என்று சொல்வார்கள். 96 வயது வரை இருந்தார். தின்ன வேண்டாம், பூசினால் போதும். தேங்காய் எண்ணெய்க் கட்சிக்கும் ஆதாரம் உண்டு: 2014இல் பிலிப்பைன்ஸில் எக்சிமா உள்ள சிறு பிள்ளைகளுக்குப் பூசிப் பார்த்ததில், கனிய எண்ணெயை விடச் சுத்திகரிக்காத தேங்காய் எண்ணெய் நன்றாக வேலை செய்தது. மூத்தம்மாமார் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள்.

உடனே ஒரு கேள்வி எழும்: வாஸ்லின் பூசின கையில் வுளு கூடுமா? இதற்கு 13ஆம் நூற்றாண்டிலேயே பதில் இருக்கிறது. ஷாபிஈ மத்ஹபின் இமாம் நவவி ‘அல்மஜ்மூஃ’வில், மெழுகு, மா, மருதோண்டி போன்றவை படிந்து தண்ணீர் தோலில் படாமல் தடுத்தால் வுளு கூடாது என்றும், மருதோண்டியின் நிறமோ திரவ எண்ணெயின் பசையோ மிஞ்சியிருந்து தண்ணீர் தோலைத் தொட்டு ஓடினால் கூடும் என்றும் பிரித்துச் சொல்கிறார். தடிப்பாக அப்புவது எந்த வகையில் சேரும் என்பதை ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம். கேட்கக் கூச்சப்படுகிறவர் இஷாத் தொழுதுவிட்டுத் தடிப்பாகப் பூசி, பருத்திக் காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு படுக்கட்டும். தோல் மருத்துவர்களும் அந்த நேரத்தைத்தான் விரும்புகிறார்கள்.

மருதோண்டி என்றதும் ஒரு எச்சரிக்கை. அரைத்துப் போட்ட இலை செம்மண் நிறம் தரும், மணிக்கணக்கில் காக்க வைக்கும். கொஞ்ச நேரத்தில் கரிக்கறுப்பாகப் பிடிக்கிற கோன்களில் பெரும்பாலும் தலைமயிர்ச் சாயத்தின் பிபிடி கலந்திருக்கும். கல்யாணப் பெண்ணின் கையில் பூங்கொடி வரைந்த அதே தடத்தில் கொப்புளம் எழும். ஒருமுறை வந்த ஒவ்வாமை ஆயுளுக்கும் நிற்கும்.

இன்னொன்று, பாமசியில் கையை நீட்டினால் தருகிற சின்னக் குழாய். இரண்டே நாளில் அரிப்பு பறந்துவிடும். உள்ளே இருப்பது வீரியமான ஸ்டீரொய்ட். டொக்டர் பார்த்து, இவ்வளவு நாளைக்கு என்று தந்தால் அது நல்ல மருந்து. விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் அரை கிராம்; ஒரு கையின் இரு பக்கத்துக்கும் அது போதும் என்று லோங், ஃபின்லே என்பவர்கள் 1991இல் கணக்குப் போட்டிருக்கிறார்கள். சாச்சி அதே குழாயை மாதக்கணக்கில் பேத்தியின் முகத்துக்கும் சாச்சாவின் காலுக்கும் சேர்த்துப் பாவித்தார். தோல் மெலிந்துவிடும், படர்தாமரை இருந்தால் மறைந்திருந்து பரவும். இரு பாதமும் செதிலுரிந்து ஒரு கை மட்டும் செதிலுரிந்தால் அது வறட்சியே அல்ல, பூஞ்சை, வாஸ்லினால் தீராது. சீழ் வைத்தாலும், வீங்கினாலும், பூச்சு போட்டும் ஆறாவிட்டாலும் அரச வைத்தியசாலைத் தோல் கிளினிக்குக்குப் போவதே வழி. காத்திருக்க வேண்டிவரும், பக்கத்தில் இருப்பவரின் கையையும் பார்த்து ஒப்பிடலாம்.

மிகக் கடினமான மருந்து ஓய்வு. வெளிப்பார்வைக்கு ஆறிய பிறகும் தோலின் உள்பலம் திரும்ப மாதக்கணக்காகும். நாலைந்து மாதமாவது கையைக் காக்க வேண்டும். இந்த முடிவைச் சாச்சியிடம் சமர்ப்பித்தேன்.

“நாலு மாசமா? அப்ப ஏனம் ஆரு கழுவுற?”

கேள்வி சபையில் வைக்கப்பட்டது. சாச்சா பத்திரிகையைத் திருப்பினார். மருமகன் வெளிக்கிட்டுக் கடைக்குப் போனார். இறுதியில் நடுநிலைத் தீர்வாக, உள்ளே பருத்தி, வெளியே ரப்பர் என்று இரட்டைக் கையுறை வாங்குவதென்று முடிவாயிற்று. கையுறை வந்தது. சாச்சி ஒரு நேரம் போட்டுப் பார்த்து, மீன் வழுக்குது என்று கழற்றி ஆணியில் மாட்டினார். அடுத்த கிழமை என் மூத்த காக்கா அதைப் போட்டுக்கொண்டு கோழிக்கூடு கழுவிக்கொண்டிருந்தார். அவர் கையில் ஒரு வெடிப்பும் இல்லை.