எட்டுக் கால் அப்பா

கடற்கரை மணலில் ஒரு நடுத்தர வயதுக்காரன் குப்புறப் படுத்துக் கிடந்தால், பார்க்கிறவர்கள் முதலில் அவன் குடித்திருப்பதாக நினைப்பார்கள். கொஞ்சம் நல்ல மனசுக்காரர்கள் மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலோடு வருவார்கள். பறவைக் குஞ்சைப் படம் பிடிக்கிறான் என்ற எண்ணம் மட்டும் யாருக்கும் வராது. தனுஷ்கோடியில் எனக்கு இரண்டு தரப்பும் கிடைத்தார்கள். ராமேஸ்வரத்திலிருந்து வேனில் வந்த ஒரு பாட்டி என் தலைமாட்டில் நின்று, "தம்பி, சோடா வாங்கியாரச் சொல்லவா?" என்றார். நான் தலையைத் தூக்காமல் கையை மட்டும் ஆட்டினேன். "பேச்சு வரலை பாவம்" என்று பேரனிடம் அவர் சொல்வது கேட்டது.

நான் படுத்துக் கிடந்தது அனுமன் உப்புக்கொத்திக்காக. சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம்தான் பெரிய பறவை. மேலே மணல் நிறம், அடியில் வெள்ளை. ஆணுக்கு நெற்றியில் ஒரு கறுப்புப் பட்டை, மார்போரம் இரண்டு பக்கமும் ஒரு கறுப்புத் தீற்றல். பல காலமாக இதையும் கென்டிஷ் உப்புக்கொத்தியின் ஒரு கிளையாகவே எண்ணி, இங்கிலாந்தின் கென்ட் மாவட்டப் பெயரைச் சுமக்க விட்டிருந்தார்கள். 2023-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று மரபணுவையும் உடல் அளவுகளையும் ஒப்பிட்டு, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்வது தனி இனம் என்று சொன்னது. இரண்டு கரைக்கும் நடுவில் கிடக்கும் ராமர் பாலத்தை மனத்தில் வைத்து அனுமன் பெயரைச் சூட்டினார்கள். மலையைத் தூக்கியவர் பெயர் இந்தப் பொடிப் பறவைக்கா என்று நானும் சிரித்தேன். குஞ்சு பொரித்த தகப்பனை நேரில் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

துணைக்கு வந்தவர் ராமநாதபுரத்தில் கல்யாண போட்டோகிராபராக இருக்கும் நண்பர். முகூர்த்தம் இல்லாத நாள், சும்மா வருகிறேன் என்று வந்தார். பறவை பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. வெளிச்சம் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை. இரண்டாவதுதான் அங்கே தேவைப்பட்டது.

ஏனென்றால் கேமராவுக்கு ஒரு கொள்கை உண்டு. உலகம் மொத்தமும் மிதமான சாம்பல் நிறம் என்பது அதன் நம்பிக்கை. வெள்ளையைக் காட்டினால் "இவ்வளவு வெளிச்சம் ஆகாது" என்று இருட்டாக்கும், கறுப்பைக் காட்டினால் வெளுக்க வைக்கும். எல்லோரையும் நடுத்தர வர்க்கத்துக்குக் கொண்டுவராமல் ஓயாது. தனுஷ்கோடி மணலோ காலை ஏழு மணிக்கே கண் கூசும் வெள்ளை. முதலில் எடுத்த படங்களில் கடற்கரை அமாவாசைக்கு முந்தின நாள் சாயங்காலம் போல இருந்தது. சரி என்று எக்ஸ்போஷரை ஏற்றினால் மணல் மணலானது, பறவையின் வயிறு காணாமல் போனது. அந்த இடத்தில் இறகு இல்லை, வெறும் வெள்ளை ஓட்டை.

"பர்ன் ஆயிடுச்சு சார்" என்றார் நண்பர். "மாப்பிள்ளை வேட்டிக்கு வைக்கிற மாதிரி வைங்க. வேட்டி வெள்ளையாவும் இருக்கணும், மடிப்பும் தெரியணும். அதுக்கு மேல ஒரு சொட்டு வெளிச்சம் கூடாது."

எத்தனையோ புத்தகங்களும் வீடியோக்களும் ஹிஸ்டோகிராம் படம் போட்டு விளக்கியும் என் மண்டையில் ஏறாத விஷயம் ஒரு வேட்டியில் ஏறிவிட்டது. வயிற்று இறகின் மடிப்பு தெரியும் அளவுக்கு இறக்கி வைத்தேன். இன்னொன்றையும் அவர்தான் காட்டினார். வெயில் மேலிருந்து விழுந்தாலும் பறவையின் அடிவயிற்றில் நிழலே இல்லை. கீழே கிடக்கும் மணலே வெளிச்சத்தை மேலே தள்ளுகிறது. "இலவச ரிஃப்ளெக்டர் சார். நாங்க தெர்மாகோல் பிடிக்கிறதுக்குன்னே ஒரு பையனைச் சம்பளம் குடுத்துக் கூட்டிட்டுப் போறோம்" என்று பொறாமையோடு சொன்னார்.

வெளிச்சம் ஒத்துக்கொண்டதும் ஃபோகஸ் மக்கர் செய்தது. என் கேமரா பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் என்று சொல்லித்தான் விற்றார்கள். தேடவும் செய்தது. ஒரு சிப்பியின் ஓட்டையைக் கண் என்று பிடித்துக்கொண்டு அத்தனை விசுவாசமாக அதையே தொடர்ந்தது. காட்டுயிர்ப் படக்காரர் மா. கிருஷ்ணன் எங்கிருந்தெல்லாமோ சேகரித்த பாகங்களை ஒட்டவைத்து ஒரு கேமரா செய்து, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்து, கறுப்பு வெள்ளையில் காட்டு யானைகளை எடுத்தார். அவர் கேமராவுக்குச் சிப்பியைக் கண்டு மயங்கும் அளவுக்கு அறிவு இல்லை என்பது அவர் கொடுப்பினை.

இனி குஞ்சுகள். இந்தப் பறவை கூடு என்று எதையும் கட்டுவதில்லை. மணலில் ஒரு சின்னக் குழி, அதில் இரண்டு மூன்று முட்டை, மேலே கறுப்புக் கிறுக்கல். அவ்வளவுதான் வீடு. பொரித்த சில மணி நேரத்தில் குஞ்சு எழுந்து ஓடும். தீனியைத் தானே பொறுக்கும். அப்பா ஊட்டிவிடுவதில்லை; வழிகாட்டுவதும், வெயிலில் நிழலாவதும், ஆபத்தென்றால் குரல் கொடுப்பதும்தான் அவர் வேலை. குஞ்சின் உடம்பு கட்டை விரலளவு பஞ்சு; கால்கள் மட்டும் பெரிய பறவையிடமிருந்து இரவல் வாங்கியது போல நீளம். நாலு எட்டு ஓடும், நிற்கும், ஒன்றைக் கொத்தும், மறுபடி ஓடும். நான் ஷட்டரை அழுத்தும் கணம் எப்போதும் அந்த 'மறுபடி'யில் வந்து விழுந்தது. விநாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில் எடுத்த மணல் படங்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன. ஒவ்வொரு மணலும் தெளிவாக இருக்கும்.

அப்பா ஒரு சத்தம் கொடுத்தால் மூன்று குஞ்சுகளும் இருந்த இடத்தில் அப்படியே ஒட்டிக்கொள்ளும். மணல் நிறப் பஞ்சு மணலில் ஒட்டினால் எங்கே தேடுவது? பெரும்பாலும் மனிதக் கால்தடத்தின் பள்ளத்திலோ வண்டித் தடத்திலோதான் பதுங்குகின்றன. அதனால்தான் அங்கே நடக்கவே பயமாக இருந்தது. படுத்துக்கொண்டது கலைக்காக மட்டும் இல்லை.

வெயில் ஏறியதும் அப்பா நின்ற இடத்திலேயே இறகைக் கொஞ்சம் அகட்டினார். மூன்றும் ஓடிவந்து அடியில் புகுந்துகொண்டன. குஞ்சுகளின் உடம்பு உள்ளே, கால்கள் வெளியே. லென்ஸில் பார்த்தால் எட்டுக் கால் உள்ள ஒரே பறவை கடலைப் பார்த்துக் கம்பீரமாக நிற்கிறது. அதில் ஒரு கால் மட்டும் இடம் போதாமல் உதைத்துக்கொண்டே இருந்தது.

"குரூப் போட்டோ சார், விடாதீங்க" என்று நண்பர் பின்னாலிருந்து கிசுகிசுத்தார். "அம்மா எங்கே? அம்மா இல்லாம எப்படி?"

டமாஸ் செகேய் என்ற உயிரியலாளர் கென்டிஷ் உப்புக்கொத்திகளின் குடும்ப வாழ்க்கையைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார். அந்த இனத்தில் குஞ்சு பொரித்த கொஞ்ச நாளில் தாய் வேறு துணை தேடிப் போவதும், தகப்பனே வளர்த்து ஆளாக்குவதும் சகஜம். இதை நண்பருக்குத் தாழ்ந்த குரலில் விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்போ இன்னொரு கல்யாண ஆர்டர் இருக்கு" என்றார்.

நான் சிரித்ததில் லென்ஸ் ஆடியது. எட்டுக் கால் கலைந்தது. அப்பா என்னை நோக்கி வந்தார். வந்தவர் சட்டென்று ஒரு பக்கமாகச் சாய்ந்தார். இடது இறக்கை துவண்டு மணலில் இழுபட, வாலை விரித்து, கீச்சென்று முனகிக்கொண்டே விழுந்தார், எழுந்தார், திரும்ப விழுந்தார். நடிகர் திலகம் உயிரோடு இருந்தால் எழுந்து நின்று கை தட்டியிருப்பார். இறக்கை ஒடிந்த பறவை சுலபமான இரை. அதைத் துரத்திக்கொண்டு நாயோ காகமோ குஞ்சை மறந்து போக வேண்டும், அதற்குத்தான் இத்தனையும். நான் அசையவில்லை. அவர் முனகலை நிறுத்தி, தலையைத் திருப்பி, ரசிகர் வருகிறாரா என்று பார்த்தார். வரவில்லை. ஒடிந்த இறக்கையை மடித்து வைத்துக்கொண்டு நன்றாக நடந்து பக்கத்தில் வந்து, முதல் காட்சியிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். இந்தத் தடவை வலது இறக்கை.

பிரமாதமான காட்சிதான். ஆனால் இந்த நாடகம் நடக்கிறதென்றாலே நாம் இருக்கக் கூடாத தூரத்தில் இருக்கிறோம் என்று அர்த்தம். அப்பா நமக்கு நடித்துக் காட்டும் நேரம் முழுக்கக் குஞ்சு வெயிலில் கிடக்கிறது, மேலே செம்பருந்து சுற்றுகிறது. படத்துக்காக அதை நீட்டிக்க வைக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. பின்னால் ஊர்ந்தேன். முன்னால் ஊர்வதற்கு யோகாசனத்தில் பெயர் இருக்கலாம். பின்னால் ஊர்வதற்குக் கிடையாது. இரண்டு பேன்ட் பாக்கெட்டும் மணலை அள்ளிக்கொண்டு வந்தன.

ஊர்ந்து வந்தது ஒரு ஜோடி பூட்ஸில் போய் முட்டியது. ரோந்து வந்த போலீஸ்காரர். எதிரே முப்பது கிலோமீட்டருக்குள் தலைமன்னார். முழங்கை நீள லென்ஸை அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டு ஒருவன் தவழ்ந்தால் அவரும் என்ன செய்வார்?

"என்ன சார் பண்றீங்க?"

"குஞ்சு படம் எடுக்கிறேன் சார்."

"காட்டுங்க."

காட்டினேன். அந்த வெயிலில் கேமராத் திரையில் ஒன்றும் தெரியாது என்பதால் இருவரும் என் துண்டைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு பார்த்தோம். எட்டுக் கால் படத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"எங்க சார் குஞ்சு? மணல்தான் இருக்கு."

கால்களை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினேன். ஆறில் அவருக்குச் சந்தேகம் வந்தது, எட்டில் நம்பிக்கை வந்தது. அதன்பின் எனக்கு வேலையே இல்லை. செல்ஃபி எடுக்க அந்தப் பக்கம் இறங்கிய ஒரு குடும்பத்தை, "ஓரமா, ஓரமா! குடும்பம் இருக்கு அங்க!" என்று அவரே விரட்டினார்.

ஒன்பது மணிக்கு மேல் கானல் எழுந்துவிட்டது. லென்ஸுக்கும் பறவைக்கும் நடுவில் காற்றே நெளிந்தால் எத்தனை லட்ச ரூபாய் கேமராவும் கலங்கலாகத்தான் எடுக்கும். மூட்டை கட்டும்போது போலீஸ்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "கடல் தெரியற மாதிரி ஒண்ணு எடுப்பீங்களா?" என்று கேட்டார். என் நண்பர் சும்மா இருப்பாரா? "தாடையை லேசா இறக்குங்க சார். மூச்சை விடாதீங்க" என்று நிறுத்தினார். காக்கிச் சட்டை ஃபிரேமை நிறைத்தது. காக்கி என்பது வெள்ளையும் இல்லை கறுப்பும் இல்லை. கேமரா காலையிலிருந்து ஏங்கிக்கொண்டிருந்த மிதமான நிறம் கடைசியில் அதற்குக் கிடைத்தது. ஒரே கிளிக். ஒரு பொத்தானையும் திருக வேண்டியிருக்கவில்லை.

இரண்டு படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவருடைய படம் அன்று ராத்திரியே டிபி ஆனது. எட்டுக் கால் படத்துக்கு மறுநாள் பதில் வந்தது: "மணல் நல்லா வந்திருக்கு சார்."