புல்லரிக்கிறதா?

கேள்வி: பெண்களின் கர்ப்பப்பையில் வருகிற ஃபைப்ராய்டு மாதிரிக் கட்டி, மீசை வைத்த ஆம்பளைக்கும் வருமாமே? டாக்டர் கதை விடுகிறாரா? - ஒரு வாசகர், பொன்னமராவதி

பதில்: கர்ப்பப்பைக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்தது யார்? மென்தசை இருக்கிற இடமெல்லாம் அந்தக் கட்டிக்குச் சொந்த ஊர்தான்: உணவுக்குழாய், ரத்தக்குழாய்ச் சுவர், ஏன், கண்ணுக்குள்ளும் அபூர்வமாக வரும். புல்லரிக்கிறதா? அப்போது மயிரை நிமிர்த்துகிறதே ஒரு பொடித் தசை, அதையும் விடுவதில்லை. தோலில் வரும் இந்த ரகத்தை ஜெர்மன் மருத்துவர் விர்ச்சோ 1854-லேயே எழுதி வைத்துவிட்டார்.

பெரும்பாலும் சாதுக் கட்டிதான். ஆனால் தோலில் கொத்துக் கொத்தாக வந்து, குளிர் பட்டால் வலிக்கிறதென்றால் சிறுநீரகத்தையும் ஸ்கேன் பார்க்க வேண்டிவரலாம். சில குடும்பங்களில் இந்தக் கட்டிக்கும் சிறுநீரகப் புற்றுநோய்க்கும் ஒரே மரபணுதான் காரணம்.