அடுத்த மாசம் ஆறடித் தொட்டி

வடசென்னையின் கொருக்குப்பேட்டையில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஒரு கேரம் சாம்பியன், ஒரு முன்னாள் ஃபுட்பால் பிளேயர், ஒரு மீன்தொட்டி அண்ணன் என்று மூன்று பேர் தேறுவார்கள். முதல் இருவரைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது, சினிமாவும் எடுத்தாகிவிட்டது. மூன்றாமவரைத்தான் யாரும் கண்டுகொள்ளவில்லை.

அண்ணனுக்கு வயது முப்பதுக்கு மேல், ஐம்பதுக்குள். ஹார்பரிலோ கன்டெய்னர் யார்டிலோ மணலிப் பக்கத்துக் கம்பெனியிலோ ஷிஃப்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காசிமேடு மீன் மார்க்கெட்டுக்குப் போவார். அங்கே அவரை ஏமாற்ற இன்னும் ஆள் பிறக்கவில்லை. செவுளைத் தூக்கிப் பார்ப்பார், கண்ணைப் பார்ப்பார், வயிற்றை விரலால் அமுக்கிப் பார்ப்பார். “இது ஐஸ்ல கெடந்த மீனுக்கா, எங்கிட்டயே சொல்றியா?” என்றுவிட்டு அடுத்த கூடைக்கு நகர்வார். அதே மனிதர் அன்று மதியமே வியாசர்பாடி, பெரம்பூர் வழியாகக் கொளத்தூர் போகிறார். வண்ண மீன் வியாபாரத்துக்குப் பேர் போன ஊர். கடை வாசலில் வண்டிக்கு சைடு ஸ்டாண்டு போடும்போதே காசிமேட்டு மூளையைக் கழற்றி ஹெல்மெட்டோடு கண்ணாடியில் மாட்டிவிட்டு உள்ளே போகிறார்.

உள்ளே மூன்று அங்குலத்தில் ஒரு குட்டி மீசையை ஆட்டிக்கொண்டு நிற்கும். கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, சிவந்த வால். ரெட் டெயில் கேட்ஃபிஷ். “பேரு இன்னாபா?” கேட்பார். “இன்னா வெலை?” கேட்பார். “இன்னா துன்னும்?” அதையும் கேட்பார். “எவ்ளோ பெருசாவும்?” என்கிற நாலாவது கேள்விதான் அவர் வாயில் வராது. தப்பித் தவறி வந்தாலும் கடைக்காரர் பதில் தயாராக வைத்திருப்பார்: “தொட்டி சைஸுக்குத் தக்க வளரும்ணே.” பாலிதீன் பையில் தண்ணீர், மேலே ஆக்சிஜன், வாயில் ரப்பர் பேண்டு. முடிந்தது வியாபாரம்.

அந்தக் குட்டி அமேசான் ஆற்றுக்காரன். ஆற்றில் நாலடியைத் தாண்டும். நாற்பது கிலோவுக்கு மேல் கனத்தவை பிடிபட்டிருக்கின்றன. பக்கத்துத் தொட்டியில் வெள்ளிக் கத்திபோல் மிதந்துகொண்டிருக்கும் சில்வர் அரோவனாவும் அதே ஊர்தான், மூன்றடிக்குக் குறையாமல் போகப் பார்க்கும். முதல் வருஷத்தில் மாதத்துக்கு ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் என்று நீளும். முதலை மூஞ்சியோடு நிற்கும் அலிகேட்டர் கார் அமெரிக்காவில் ஆறடிக்கு மேல் வளர்கிற மீன். ‘ஷார்க்’ என்று சொல்லிப் பையில் போடுவார்களே, அது சுறாவே அல்ல, மீகாங் ஆற்றுக் கெளுத்தி. அதன் சதையைத் துண்டு போட்டு ஐஸ் பெட்டியில் வைத்தால் பாசா. அண்ணன் ஹோட்டலில் ஃபிஷ் ஃபிங்கர் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்து அதன் பங்காளிக்குத் தீனி போடுகிறவர்.

சென்னைக்காரனுக்குக் கண்ணாடிக்குப் பின்னால் மீன் பார்க்கிற ஆசை புதிதில்லை. மெரினாவில் 1909-லேயே மீன் காட்சியகம் திறந்தார்கள், உலகப் போரின்போது குண்டு விழும் என்ற பயத்தில் அதை மூடினார்கள். அண்ணன் அதைத் தன் வீட்டு ஹாலில் மறுபடி திறந்திருக்கிறார். ஹால் என்பது பத்துக்குப் பத்து. சமையல், படிப்பு, படுக்கை, பண்டிகை எல்லாம் அதற்குள்தான்.

தொட்டி மூணடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரம். பிடிக்கிற தண்ணீர் நூற்று இருபத்தேழு லிட்டர். அதற்குள் ரெட் டெயில் ஒன்று, அரோவனா ஒன்று, ஆஸ்கர் இரண்டு, அழுக்கைத் தின்னும் என்று நம்பி விட்ட சக்கர் ஒன்று. அரோவனா காட்டில் மரக்கிளைப் பூச்சியைத் துள்ளிப் பிடிக்கும் ஜாதி. நாக்கிலேயே எலும்பும் பல்லும் உண்டு. ராத்திரி குதித்துத் தரையில் விழக் கூடாதே என்று தொட்டிக்கு மேல் கேரம் போர்டைக் கவிழ்த்து வைத்திருக்கிறார். அதனால் தெருவில் கேரம் ஆட்டம் நின்று எட்டு மாதமாகிறது, சாம்பியன் இவரோடு பேசுவதில்லை.

தொட்டி பத்தாது என்று யாராவது சொன்னால் அண்ணனுக்குக் கோபமே வராது. “அடுத்த மாசம் ஆறடித் தொட்டி சொல்லியிருக்கேன்பா. பன்னெண்டு எம்எம் கண்ணாடி, டாப் ஃபில்டர், சம்ப்பு, சோக்கா வரும்.” போனஸ் வந்ததும் சொல்வார். பொங்கலுக்குள் என்பார். பெரியவள் பரீட்சை முடியட்டும் என்பார். இத்தனை தவணையும் மீனுக்குத் தெரியாது. அது பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருக்கும்.

தொட்டி அளவுக்குத்தான் மீன் வளரும் என்று அண்ணன் மனமார நம்புகிறார், நம்புகிற மாதிரி சாட்சியும் அவர் வீட்டிலேயே இருக்கிறது. ஆஸ்கர்களில் ஒன்று எட்டு அங்குலத்தோடு நின்றுவிட்டது. நின்றது தொட்டிக்கு மரியாதை கொடுத்து இல்லை. மீன் செவுள் வழியாக அமோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியா அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். கடைசியில் சேர்கிற நைட்ரேட்டைத் தண்ணீரை மாற்றித்தான் வெளியேற்ற வேண்டும். சின்னத் தொட்டியில் பெரிய மீன் என்றால் சேர்கிற வேகத்துக்குக் கழிகிற வேகம் ஈடுகொடுக்காது. அதிலேயே கிடக்கும் மீன் குன்றிப்போகும், சிலதுக்கு முதுகு வளையும், ஆயுசும் குறையும். அண்ணன் ‘செட்டாயிடுச்சு’ என்று சொல்கிற மீன் உண்மையில் சீக்காளி.

அரோவனா திரும்புவதைக் கிட்டே நின்று பார்த்தால் போதும். மீன் ஒன்றேகால் அடி, தொட்டி அகலம் ஓரடி. கடைசி வரைக்கும் நீந்தி வந்து மூக்கைக் கண்ணாடியில் இடித்து நிற்கும். பிறகு வாலை முகத்தருகே கொண்டுவந்து உடம்பை மடக்கும். பக்கவாட்டுச் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக எழும்பி நிற்கும். தலைப்பக்கம் ஒரு கண்ணாடியையும் வால்பக்கம் மறு கண்ணாடியையும் உரச, ஒரு வழியாகத் திரும்பி மூணடி நீந்தும். மறுபடி இதே கூத்து. “பாத்தியா, இன்னா வளைவு! டான்ஸு ஆடுது” என்பார் அண்ணன்.

தண்ணீர் இலாகா அண்ணியுடையது. மெட்ரோ வாட்டர் லாரி வருகிற நேரத்துக்குக் குடத்தோடு வரிசையில் நிற்பவர் அவர்தான். ஆறடிக்கு இரண்டடிக்கு இரண்டடித் தொட்டி என்றால் அறுநூற்று எண்பது லிட்டர். வாரம் கால் பங்கு மாற்ற வேண்டும், அதாவது பதினைந்து லிட்டர்க் குடத்தில் பதினோரு குடம். மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருந்தால் மீனுக்கு ஆகாது, ஒரு நாள் பிடித்து வைக்க வேண்டும் அல்லது மருந்து ஊற்ற வேண்டும். இந்தக் கணக்கை முழுசாகக் கேட்ட அண்ணி ஒரே கேள்விதான் கேட்டார்: “அதுங்களுக்குப் பதினோரு கொடம்னா, எனக்கு எத்தினி கொடம்?”

வீட்டு ஓனர் கணக்கு வேறு. தண்ணீர் மட்டும் அறுநூற்று எண்பது கிலோ, கண்ணாடியும் ஸ்டாண்டும் சேர்ந்தால் எண்ணூறு தாண்டும். ஒரு கட்டில் போடுகிற இடத்தில் பன்னிரண்டு ஆள் ராவும் பகலும் இறங்காமல் நிற்கிற கனம். வீடோ முதல் மாடி. “நீ கீழ வீட்டுக்கு வா, இல்ல மீனைக் கீழ வுடு” என்று ஓனர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை.

இத்தனைக்கும் பிறகு அந்த ஆறடித் தொட்டி ஒரு நாள் வந்தேவிட்டது. அண்ணனின் மைத்துனர் வேலை செய்கிற கண்ணாடிக் கடையில் தவணைக்கு முடித்து, பழைய மெத்தை சுற்றி, கயிறு போட்டு மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் அந்த நேரம் பார்த்து மூடியது. கூட்ஸ் வண்டி, அதுவும் முடிவே தெரியாத நீளம். வண்டியில் ஆறடியில் ஒரு கண்ணாடிப் பெட்டி, பக்கத்தில் தூக்கமில்லாத முகத்தோடு நாலு பேர். சைக்கிளில் வந்த பெரியவர் ஒருவர் இறங்கி, தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“எப்போ எடுக்கறாங்க?”

“யாரை நைனா?”

“ஐஸ் பொட்டி போவுதே, அதான் கேட்டேன்.”

“இது மீன்தொட்டி நைனா.”

பூக்கூடையோடு நின்ற அம்மா நம்பவில்லை. “இவ்ளோ பெருசிலயா? கொழம்பு மீனா?”

“வளக்கறதுக்கும்மா.”

“சரி, வளத்து?”

அண்ணனிடம் அதற்குப் பதில் இல்லை. நல்ல வேளை, கேட் திறந்துவிட்டது.

கட்டில் வெளியே போயிற்று, அண்ணனின் அப்பா வராந்தாவுக்குப் போனார், தொட்டி உள்ளே வந்தது. ஓனருக்கு என்ன சொன்னார்கள் என்று விசாரிக்க எனக்குத் தைரியம் இல்லை. அதற்குள் அரோவனா இரண்டடியைத் தொட்டிருந்தது. புதுத் தொட்டியின் அகலமும் அதே இரண்டடிதான். அரோவனாவுக்கே இது ஒப்பேற்றுகிற அளவு. ரெட் டெயிலுக்கு வீட்டுத் தொட்டி என்று ஒன்று உண்டா என்பதே என் சந்தேகம், குளம் வெட்டினால்தான் உண்டு. “எட்டடி சொல்லலாம்னு கீறேன், அடுத்த மாசம்” என்றார் அண்ணன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னை தண்ணீரிலும் இருட்டிலும் நாள்கணக்கில் கிடந்தது. தெரு முழுக்க முழங்கால் தண்ணீர், தொட்டித் தண்ணீரில்தான் காற்று இல்லை. ஏர் பம்ப் நின்றால் பெரிய மீனுக்குத்தான் முதலில் மூச்சு முட்டும். அண்ணன் மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஸ்டூலில் ஏறி, சொம்பில் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தார். தண்ணீர் உடைந்து விழும்போது காற்று கலக்கும், முறை சரிதான். விடிவதற்குள் ஆஸ்கர் ஒன்று மிதந்தது. ஊரே வந்து துக்கம் விசாரித்தது. “நம்ம வூட்டுக்கு வர்ற கெட்டதைத் தாம் மேல வாங்கிக்கிச்சு” என்றார். வாஸ்து மீன் என்று விற்கிறார்களே, அதில் உள்ள வசதி இதுதான். அமோனியாவில் செத்தாலும் கரண்ட் போய்ச் செத்தாலும் தியாகக் கணக்கில் சேர்ந்துவிடும். யாரும் தண்ணீரைப் பரிசோதிக்க வேண்டியதில்லை.

சட்டம் வந்தும் பார்த்தது. 2017-ல் மத்திய அரசு மீன்தொட்டிக் கடைகளுக்கென்றே விதிகள் கொண்டுவந்தது. கண்ணாடிக் கிண்ணத்தில் மீனைக் காட்சிக்கு வைக்கக் கூடாது, 158 இனங்களை விற்கக் கூடாது என்றெல்லாம் இருந்தது. வியாபாரிகள் கொதித்தார்கள், சில மாதங்களில் விதிகள் திரும்பப் பெறப்பட்டன. பட்டியல் போட்டவர்கள் கடைக்காரரை மட்டும் பார்த்தார்கள். வாங்குகிற அண்ணனை எந்த விதி கட்டும்?

சிரிக்க முடியாத இடம் ஒன்று உண்டு. தொட்டிக்கு அடங்காத மீனைக் கொல்ல அண்ணனுக்கு மனசு வராது. வாளியில் போட்டு ராத்திரியோடு ராத்திரியாக ஏரியில் விட்டுவிட்டு, புண்ணியம் செய்த நிம்மதியோடு தூங்குவார். அப்படி வெளியே போன சக்கர் இன்று சென்னையின் ஏரி குளங்களில் பெருகிக் கிடக்கிறது. உடம்பெல்லாம் ஓடும் முள்ளும், வலையைக் கிழிக்கும், வாங்க ஆளில்லை. 2023 மே மாதம் ஸ்ரீநகர் தால் ஏரியைச் சுத்தம் செய்தவர்கள் கையில் ஓர் அலிகேட்டர் கார் சிக்கியது. அதுவும் யாரோ ஒரு அண்ணன் வளர்த்ததாகத்தான் இருக்கும்.

ஆகவே அண்ணன்மார்களே, குட்டியைப் பையில் போடச் சொல்வதற்கு முன் அது முழுசாக வளர்ந்தால் எவ்வளவு என்று கேளுங்கள். அந்த நீளத்துக்கு டேப்பைப் பிடித்து உங்கள் ஹாலில் ஒரு தடவை படுக்கவைத்துப் பாருங்கள். ஏற்கெனவே வாங்கியாயிற்று, இடம் இல்லை என்றால் பெரிய தொட்டியோ குளமோ உள்ளவரிடம் கொடுங்கள், இல்லை வாங்கிய கடைக்கே கொண்டுபோங்கள். ஏரியிலும் கால்வாயிலும் மட்டும் விடாதீர்கள். வளர்ந்த மீனைத் திருப்பி எடுத்துக்கொள்கிற கடைக்காரர்கள் உண்டு. காசு தர மாட்டார்கள், அவ்வளவுதான்.