மழைக்கு முன்னால் கேளுங்கள்

ஒக்டோபர் நெருங்குகிறது. இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மழையைப் பற்றியவை. அதனால் சினிமாவும் அரசியலும் அடுத்த இதழுக்குப் போகின்றன.

சூறாவளி என்றால் மட்டக்களப்பு, முல்லைத்தீவு, நாகப்பட்டினம். நாலாயிரம் அடிக்கு மேலே இருக்கும் எங்களுக்கு ஏன் அந்தப் பயம்?
*– வாசகர், ஹற்றன்*

காற்று கரையில் அடிக்கும், தண்ணீர் மலையில் கொட்டும். சூறாவளி நிலத்தில் ஏறியதும் காற்றின் வேகம் குறையத் தொடங்கும். ஆனால் கடலிலிருந்து அது அள்ளி வந்த ஈரம் எங்கும் போய்விடாது. அந்த ஈரக்காற்று நம் மலைகளில் மோதி மேலே ஏறும், ஏறினால் குளிரும், குளிர்ந்தால் மழையாக இறங்கும். 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பில் அடித்த சூறாவளியைக் காற்றுக்காக நினைவு வைத்திருக்கிறோம். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வாவை மண்ணுக்காக நினைவு வைத்திருப்போம். நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் பெரும் பகுதியினர் கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை மாவட்டங்களின் சரிவுகளில் இருந்தவர்கள். ஆகவே வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று வானொலி சொன்னால், கடலைப் பார்த்தே இராதவரும் சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்க வேண்டும்.

மழை வந்தால் பார்த்துக்கொள்ளலாமே?
*– இளைஞர், கொட்டகலை*

மழை வந்த பிறகு மழையைத்தான் பார்க்கலாம், தம்பி.

எந்த மாதம் எங்களுக்கு ஆபத்து?
*– ஆசிரியை, மஸ்கெலியா*

உங்கள் பக்கத்துக்கு மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஊவாப் பக்கத்துக்கு டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழை. இரண்டுக்கும் நடுவே உள்ள ஒக்டோபரும் நவம்பரும் எல்லாருக்கும் பொது. கொஸ்லந்தை மீரியபெத்தை சரிந்தது 2014 ஒக்டோபர் 29. டித்வா நவம்பர். கேகாலை மாவட்டத்து அரநாயக்க சரிந்தது 2016 மே 17. நாட்காட்டியில் இந்த மாதங்களைச் சுற்றி வட்டம் போட்டுப் பிள்ளைகளின் கண்ணில் படும்படி மாட்டுங்கள்.

மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று டீவியில் காட்டுகிறார்கள். ஒன்றும் விளங்கவில்லை. எப்போது வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்?
*– கொழுந்து எடுக்கும் அம்மா, தலவாக்கலை*

மண்சரிவு அறிவித்தலைத் தருவது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். கணக்கு மழையளவில் இருக்கிறது அம்மா. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் கண்ணை விழித்திருங்கள் என்று பொருள், அது மஞ்சள். 100 தாண்டினால் கிளம்பத் தயாராக இருங்கள், அது செம்மஞ்சள். 150 தாண்டினாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினாலோ சிவப்பு: கிளம்பியிருக்க வேண்டும். டித்வா நாட்களில் பல இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீற்றருக்கு மேல் பெய்தது. சிவப்புக் கோட்டைப் போல இரண்டு மடங்கு.

இதை அளக்கப் படிப்பு வேண்டாம். வாயும் அடியும் ஒரே அகலமாக உள்ள நேரான டின் ஒன்றைக் கூரையோ மரமோ மறைக்காத இடத்தில் வையுங்கள். பள்ளிக்கூட அடிமட்டத்தைச் செங்குத்தாக உள்ளே விட்டுப் பாருங்கள். ஏழரை சென்ரிமீற்றர் என்றால் 75. பதினைந்து என்றால் 150. தினமும் காலையில் ஒரே நேரத்தில் பார்த்து, எழுதி, கொட்டிவிட்டுத் திரும்ப வையுங்கள். கடும் மழையில் மணிக்கொரு தடவை பாருங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இந்த வேலையைச் சரியாகச் செய்யும். அறிவித்தல் பிரதேச செயலகப் பிரிவின் பெயரில்தான் வரும், தோட்டத்தின் பெயரில் வராது. உங்கள் மலையில் மட்டும் கொட்டிய மழையை உங்கள் டின்தான் சொல்லும்.

அப்படியென்றால் எங்கள் பிரிவு எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?
*– வாசகர், பொகவந்தலாவ*

கிராம உத்தியோகத்தரைக் கேட்டு, பதிலைக் கதவின் உட்பக்கத்தில் எழுதி வையுங்கள். அம்பகமுவ, கொத்மலை, வலப்பனை என்று வானொலியில் வாசிக்கும்போது நம்முடையது எது என்று தெரியாமல் நிற்கக் கூடாது. பக்கத்திலேயே 117 என்றும் எழுதுங்கள். அது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம்.

சிவப்பு அறிவித்தல் ராத்திரியில் வந்தால்?
*– வாசகி, நோர்வூட்*

ராத்திரி வரும் என்றே வைத்துக்கொண்டு பகலிலேயே கிளம்புங்கள். 2020 ஓகஸ்ட் 6, கேரளத்தில் மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடி. அங்கேயும் நம்மைப் போலத் தேயிலைத் தோட்டத் தமிழர், அங்கேயும் லயங்கள். இரவு பதினொரு மணியை நெருங்கும் நேரத்தில் மலை இறங்கியது. மின்சாரம் இல்லை, தொலைபேசித் தொடர்பும் இல்லை. வெளியுலகுக்கு விஷயம் தெரிந்ததே மறுநாள் காலையில்தான். 70 பேர் போனார்கள். செம்மஞ்சளில் இருக்கும்போதே, வெளிச்சம் இருக்கும்போதே முதியவர்களையும் கர்ப்பிணிகளையும் பிள்ளைகளையும் அனுப்பிவிடுங்கள். கால் பலமுள்ளவர்கள் பின்னால் வரலாம். அவர்களும் பொழுது சாயும் முன் வந்துவிட வேண்டும்.

மூட்டை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனோம். ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்து லயத்தார் சிரிக்கிறார்கள்.
*– குடும்பத் தலைவி, அக்கரப்பத்தனை*

சிரிக்க அவர்களும் உயிரோடு இருக்கிறார்கள், நீங்களும் இருக்கிறீர்கள். அடுத்த முறையும் போங்கள், அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

மலை சரியப்போகிறது என்பதற்கு மலை ஏதாவது சொல்லுமா?
*– ஓய்வுபெற்ற கங்காணி, இராகலை*

சொல்லும். உங்களைப் போன்றவர்களுக்குத்தான் அது முதலில் கேட்கும். லயத்துக்கு மேலே தேயிலைக்குள் நிலம் பிளந்திருக்கும். நேற்று வரை சாத்திய கதவு இன்று சாத்தாது. சுவரில் புது வெடிப்பு வரும். மரமும் மின்கம்பமும் சாயும். இல்லாத இடத்தில் ஊற்று கிளம்பும். பீலித் தண்ணீர் திடீரென்று கலங்கி வரும். மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது ஓடைத் தண்ணீர் குறைந்துவிட்டால் அதுதான் மிகவும் ஆபத்து: மேலே எங்கோ மண் அடைத்துக்கொண்டது, அது உடையும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அறிவித்தலுக்குக் காத்திராமல் வெளியேறலாம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். மலைக்கான்கள் எந்தக் கோட்டில் ஓடின, எங்கே திருப்பி வெட்டப்பட்டன என்று இளையவர்களுக்குத் தெரியாது. கைவிட்டுக் காடாகிப்போன தேயிலையில் அந்தக் கான்கள் மண் மூடிக் கிடக்கின்றன. கானில் ஓட வேண்டிய தண்ணீர் நிலத்துக்குள் இறங்கி மண்ணைக் கனக்கச் செய்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு இளைஞர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுக்க அந்த நடை உதவும்.

லயத்தின் பின்புறத்தை வெட்டி ஒரு குசினி கட்டலாம் என்றிருக்கிறோம்.
*– வாசகர், வட்டகொடை*

மலையின் அடியை வெட்டாதீர்கள். மேலே உள்ள மண் நிற்பது அந்த அடியின் பலத்தில். இடம் போதாத வேதனை புரிகிறது. ஒரே காம்பராவில் மூன்று தலைமுறை இருக்கும்போது குசினி ஆடம்பரம் அல்ல. முன்பக்கத்தில் வழி தேடுங்கள்.

பையில் என்ன வைக்க வேண்டும்?
*– மாணவி, நானுஓயா*

அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கிளினிக் அட்டை, வங்கிப் புத்தகம், சேமலாப நிதிக் கடிதங்கள், உங்கள் பரீட்சைச் சான்றிதழ்கள். எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டி, கைத்தொலைபேசியில் படமும் எடுத்து வையுங்கள். நம் மக்கள் ஒரு துண்டுக் கடதாசிக்காக எத்தனை ஆண்டு அலைந்தார்கள் என்று உங்கள் பாட்டியைக் கேளுங்கள். பிறகு மருந்து, டோர்ச், பிஸ்கட், தண்ணீர், ஒரு கம்பளி. பெண்பிள்ளைகளுக்குத் தேவையானதை மறக்காமல் வையுங்கள். முகாமில் அதைக் கேட்டு வாங்கக் கூச்சமாக இருக்கும்.

தனுஷ்கோடியைக் கடல் கொண்டதைப் பற்றித் தாத்தா அடிக்கடி சொல்வார். நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு?
*– வாசகர், புஸ்ஸல்லாவ*

தாத்தா சொல்வது 1964 டிசம்பர் 22ஆம் திகதி இரவு. அந்தச் சூறாவளி இலங்கையின் வடக்கைக் கடந்துதான் தனுஷ்கோடிக்குப் போனது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஓடிய கப்பல்தான் மலையகத்தாருக்கு ஊருக்குப் போகும் வழி. சூறாவளிக்கு இரண்டு மாதத்துக்கும் குறைவான காலத்துக்கு முன்புதான், ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று இரண்டு அரசுகளும் முடிவு செய்திருந்தன. போகச் சொன்ன நேரத்தில் போய் இறங்கும் துறையே அழிந்தது. பின்னர் போனவர்கள் இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். தாத்தா சொல்வதை உட்கார்ந்து எழுதி வையுங்கள்.

மீரியபெத்தை மக்களுக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள் என்கிறார்களே. பிறகு ஏன் அவர்கள் போகவில்லை?
*– பல்கலைக்கழக மாணவர், பதுளை*

சொல்லியிருந்தார்கள். 2005இல் சொன்னார்கள், 2011இலும் சொன்னார்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை ஏழரை மணியளவில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. பள்ளிக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, சிலருக்குப் பெற்றோரும் இல்லை. அப்போது எழுந்த பேச்சு எனக்கு இன்னும் எரிகிறது: எச்சரித்தும் கேட்கவில்லையாம்.

எங்கே போவது என்று யாராவது காட்டினார்களா? லயம் தோட்டத்துக்குச் சொந்தம். தோட்டங்களை 1972லும் 1975லும் அரசு எடுத்தது, 1992இல் கம்பனிகளிடம் நிர்வாகத்துக்குக் கொடுத்தது. இத்தனை கைமாற்றத்திலும் லயத்தில் இருப்பவர் பெயருக்கு ஒரு பேர்ச் நிலம் மாறவில்லை. தோட்டங்களுக்குள் பிரதேச சபை தன் பணத்தைச் செலவழிக்கச் சட்டம் வழிவிட்டதே 2018இல்தான். சொந்தக் காணி உள்ளவர் எச்சரிக்கை கேட்டு விற்றுவிட்டோ விட்டுவிட்டோ போகலாம். காணி இல்லாதவர் எழுந்து போனால் வேலையும் போகும், கூரையும் போகும். உயிர் தப்பியவர்கள் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் காத்திருந்தார்கள். புது வீடுகள் கிடைக்க 2016 ஒக்டோபர் ஆயிற்று.

காணியோடு தனி வீடு என்ற திட்டம் நடக்கிறது. இந்திய உதவியில் 4,000 வீடுகள், பிறகு 2017இல் நோர்வூட்டில் அறிவித்த இன்னும் 10,000. நல்லது. ஆனால் இந்த வேகத்தில் மழையை முந்த முடியாது. சரிவு ஆபத்து உள்ள லயங்களின் பட்டியலை முதலில் எடுத்து, வீடு கொடுக்கும் வரிசையை அதன்படி மாற்ற வேண்டும். யார் எந்தத் தலைவருக்கு வேண்டியவர் என்ற வரிசை இதில் நுழையக் கூடாது.

கொழும்பில் வேலை செய்கிறோம். எங்கள் தோட்டத்துக்கு என்ன செய்யலாம்?
*– இளைஞர் சங்கம், டயகம*

தீபாவளிக்கு வரும்போது ஒரு நாளை இதற்குக் கொடுங்கள். லயம் லயமாகப் போய்த் தனியே இருக்கும் முதியவர், நடக்க முடியாதவர், எட்டு மாதக் கர்ப்பிணி யார் யார் என்று எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தூக்கிக்கொண்டு போகும் இரண்டு பேரின் பெயரை எழுதுங்கள். ஒரே காம்பராவில் மூன்று குடும்பம் இருந்தால் மூன்றையும் தனித்தனியாகப் பதியும்படி கிராம உத்தியோகத்தரிடம் வற்புறுத்துங்கள். இல்லாவிட்டால் நிவாரணத்தில் மூன்று குடும்பம் ஒன்றாகிவிடும். தங்கப்போகும் பாடசாலை, கோவில், பிள்ளைக்காம்பரா எல்லாம் அதே சரிவின் கீழே இருக்கின்றனவா என்றும் பாருங்கள். இருந்தால் அது தங்குமிடம் அல்ல. வேறு இடம் தேடுங்கள்.

மழைக்காலத்தில் மலையில் நிற்கும்போது இடி விழுகிறது. குளவியும் கலைகிறது.
*– கொழுந்து எடுக்கும் பெண்கள், லிந்துலை*

இடி கேட்டதும் தனி மரத்தடிக்குப் போகாமல் கட்டடத்துக்குப் போங்கள். காற்று அடித்த மறுநாள் மலைக்குள் இறங்கும் முன் குளவிக்கூடு அறுந்து விழுந்திருக்கிறதா என்று ஒருவரை அனுப்பிப் பார்க்கச் சொல்வது கங்காணியின் கடமை. கேட்டு வாங்குங்கள். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும்.

எச்சரிக்கை நாளில் வேலைக்கு இறங்காவிட்டால் பேர் விழாது. பேர் விழாவிட்டால் அடுப்பு எரியாது. நீங்கள் சொல்லும் எல்லாவற்றையும் எப்படிச் செய்வது ஐயா?
*– தொழிலாளி, பொகவந்தலாவ*

வந்த கடிதங்களில் இதற்குத்தான் என்னால் உங்களிடம் பதில் சொல்ல முடியாது. பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு. மழையளவு, கான், பை என்று நான் எழுதியது எல்லாம் இந்த ஒரு கேள்வியில் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு நாள் கூலிக்கும் உயிருக்கும் இடையே யாரையும் தெரிவு செய்யச் சொல்வது நியாயம் அல்ல. தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது இதையும் கொண்டு போக வேண்டும். தோட்ட நிர்வாகங்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. சிவப்பு அறிவித்தல் உள்ள நாளில் ஆபத்தான லயத்திலிருந்து வெளியேறியவருக்குச் செக்ரோலில் முழுப்பேர் போடுங்கள். அதை ஒக்டோபர் பிறக்கும் முன்னரே பேரட்டுக்களத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி அறிவியுங்கள்.