மாப்ளே, இறாலுக்கு விருந்து வைக்கப் போறியாமே!

வா மாப்ளே, உட்காரு. கம்ப்யூட்டர் வேலையை உதறிட்டு இறால் குட்டை வெட்டப் போறேன்னு உங்கம்மா வந்து ஒரு பாட்டம் அழுதுட்டுப் போச்சு. நான்தான் தேற்றி அனுப்பினேன். "அக்கா, பய செல்போன்ல நாப்பது வீடியோ பார்த்திருக்கான். இனிமே இந்தக் கடற்கரையில இறாலுக்கு அவனை விட்டா நாதியில்லை"ன்னேன். அதுக்கு இன்னொரு பாட்டம் அழுதுச்சு. ஏன்னு எனக்கு விளங்கலை.

கிழவனுக்கு என்ன தெரியும்னு நெனைக்காதே. மீன்வளத்துறை, பல்கலைக்கழகம், ஆராய்ச்சி நிலையம்னு எவர் இந்தப் பக்கம் பயிற்சி முகாம் போட்டாலும் முன் வரிசை நாற்காலி என்னுதுதான். பதினோரு மணிக்கு டீயும் வடையும் வரும். வடை வர்ற வரைக்கும் காதைத் திறந்து வச்சிருக்கிறதுல என்ன நஷ்டம்? உன் வீடியோக்காரன் வடை குடுத்தானா?

முதல்ல ஒண்ணு. மீனும் இறாலும் நம்ம சொல்பேச்சு கேக்கிற ஜாதி இல்லை. கட்லா, ரோகு, மிருகால்னு மூணு கெண்டை இருக்குல்ல, குளத்துல விட்டா நல்லாத் தின்னும், கொழுக்கும். முட்டை மட்டும் போடாது. ஆத்துல புது வெள்ளம் வந்தாத்தான் அதுகளுக்குக் கல்யாண நெனப்பே வரும். அந்தக் காலத்துல வங்காளத்துப் பக்கம் வெள்ளத்துல வலை கட்டிக் குஞ்சு பிடிச்சாங்க. கெண்டைக் குஞ்சுன்னு காசு கொடுத்து வாங்கினவன் குளத்துல எது வளரும்னு எவனுக்கும் தெரியாது. ஹீராலால் சௌத்ரின்னு ஒரு விஞ்ஞானி, 1957 ஜூலை 10, ஒடிசாவுல. வேற ஒரு மீனோட தலையைப் பிளந்து, மூளைக்கு அடியில இருக்கிற துளியூண்டு பிட்யூட்டரி சுரப்பியை எடுத்து, அரைச்சு, அந்தச் சாறைக் கெண்டைக்கு ஊசியாப் போட்டாரு. அடைபட்டுக் கிடந்த மீன் வெள்ளம் வந்துடுச்சுன்னு நம்பி முட்டை போட்டுருச்சு. இன்னிக்கும் ஜூலை 10தான் தேசிய மீன் விவசாயிகள் தினம். மாலை, மேடை, பேச்சு எல்லாம் உண்டு. தலையைக் கொடுத்த மீனுக்குத்தான் ஒரு நாளும் ஒதுக்கலை.

இறால் கதை இதைவிடக் கொடுமை. ஜப்பான்ல புஜினாகான்னு ஒருத்தர் 1930கள்லேயே இறாலை அடைச்சு வச்ச இடத்துல முட்டை போட வச்சுக் குஞ்சையும் வளர்த்துக் காட்டிட்டாரு. ஆனா நம்ம வரி இறாலைத் தொட்டியில அடைச்சா லேசுல சினை முத்தாது. எங்கேடா கோளாறுன்னு தேடினா, கண்ணுல இருக்கு. இறாலோட கண்ணு ஒரு காம்பு மேல நிக்கும். அந்தக் காம்புக்குள்ள இருக்கிற சுரப்பிதான் 'இப்ப வேணாம், பொறு'ன்னு சினையை அடக்கி வைக்குது. ஒரு பக்கத்துக் காம்பை நீக்கிட்டா அடக்குற அதிகாரம் பாதியாக் குறைஞ்சு, கொஞ்ச நாள்லேயே சினை முத்திடும். ரெண்டு கண்ணையும் எடுக்கிறதில்லை, அவ்வளவு தர்மம் பாக்கி இருக்கு. பொம்பளை இறாலுக்குத்தான் இந்த வைத்தியம், ஆம்பளைக்கு ரெண்டு கண்ணும் பத்திரம். முகாம்ல கேட்டதை வீட்டுல வந்து சொன்னேன். உங்கத்தை என்னை ஒரு பார்வை பார்த்தா பாரு, அன்னிக்கு ராத்திரி சோறு நானே போட்டுக்கிட்டேன். இப்பக் கண்ணைத் தொடாமலே முட்டை எடுக்கிற வழி பழகுறாங்க. சீமைக் கடைக்காரங்களுக்கு மனசு கேக்கலையாம். தின்கிறதுக்கு மட்டும் கேக்குது.

ஜிலேபி கெண்டை நேர் எதிர். யாரும் ஊசி போட வேணாம், குளத்துல விட்டுட்டுத் திரும்பிப் பார்க்கிறதுக்குள்ள பேரன் பேத்தி எடுத்திருக்கும். எல்லாம் சுண்டு விரல் சைசு. அதுல ஆண்தான் சீக்கிரம் எடை போடும்னு கண்டுபிடிச்சு, குஞ்சுப் பருவத்துல மூணு நாலு வாரம் ஆண் ஹார்மோன் கலந்த தீனியைக் கொடுத்து மொத்தத்தையும் ஆணாக்கிடுற வித்தை உலகம் பூரா நடக்குது. குளம் முழுக்க ஆம்பளைங்க, குடும்பப் பொறுப்பு கிடையாது, நாள் பூரா தின்னு கொழுக்கிறதுதான் வேலை. எங்க ஊர் டீக்கடை பெஞ்சுல இந்த முறை ரொம்ப நாளா அமல்ல இருக்கு.

கொடுவா இன்னொரு தினுசு. ஆணாத்தான் பருவத்துக்கு வரும், சில வருஷம் போய்ப் பெருத்த பிறகு பெண்ணா மாறிடும். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டுல, மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க 1997ல அதைத் தொட்டியில முட்டை போட வச்சாங்க. மாப்பிள்ளைன்னு நெனச்சு வளர்த்தது பொண்ணா வந்து நிக்கிற வீட்டுல ஜோடி சேர்க்க எவ்வளவு பொறுமை வேணும்னு யோசிச்சுக்க. குஞ்சு பொரிச்சதும் நிம்மதியான்னா, அதுவும் இல்லை. பெரிய குஞ்சு சின்னக் குஞ்சை அப்படியே முழுங்கும். சில நாளைக்கு ஒரு தரம் சலிச்சு, சைசு வாரியாப் பிரிச்சுக்கிட்டே இருக்கணும். சீர்காழிக்குப் பக்கத்துல தொடுவாயில சேத்து நண்டுக் குஞ்சு பொரிக்கிறாங்களே, அங்கேயும் இதே பங்காளிச் சண்டைதான். கொடுக்கு முளைச்ச மறு நிமிஷம் கூடப் பொறந்ததை வெட்ட ஆரம்பிச்சிடும்.

இதெல்லாம் குஞ்சு பொரிக்கிற ஹாட்சரிக்காரன் தலைவலி, எனக்கென்னங்கிற. சரி, அவன் படுறதைக் கொஞ்சம் கேட்டுக்க. இறால் முட்டையிலேர்ந்து வர்ற நாப்ளி ஒண்ணும் திங்காது, வயித்துல இருக்கிற மஞ்சக்கருவை வச்சே காலத்தை ஓட்டும். அடுத்த பருவம் சோயியா. அதுக்குக் கண்ணுக்குத் தெரியாத பாசி வேணும். அந்தப் பாசிக்குத் தனி அறை, தனி விளக்கு, ஏசி. இந்த வீட்டுல எனக்கு ஏசி கிடையாது. அப்புறம் மைசிஸ் பருவம், அதுக்கு ஆர்ட்டிமியாங்கிற பொடி உயிரி. அது அமெரிக்காவுல யூட்டாங்கிற மாநிலத்துல இருக்கிற பெரிய உப்பு ஏரியில விளையுது. காய்ஞ்ச முட்டையா டப்பாவுல அடைச்சு வரும். வருஷக்கணக்குல தூங்கும், உப்புத் தண்ணியில போட்டு காத்து விட்டா ஒரு நாள்ல பொரிஞ்சிடும். வேதாரண்யம் உப்பளத்தைப் பார்த்துக்கிட்டே அமெரிக்க ஏரி முட்டைக்குக் காசு கட்டுறோம். இத்தனை ராஜ உபசாரத்துல வளர்ந்த குஞ்சை ஆக்சிஜன் பையில கட்டி உன் கையில கொடுப்பாங்க. அங்கேர்ந்துதான் அதுக்குக் கெட்ட காலம்.

வனாமி நோயில்லாத இறால்னு வீடியோவுல சொன்னானாக்கும். 1994, 95ல வெள்ளைப்புள்ளி நோய் வந்து வரி இறாலை வாரிக்கிட்டுப் போனப்ப குட்டைக் கரையில தலையில துண்டைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்தவங்களை நான் பார்த்திருக்கேன். 2009ல வனாமிக்கு அனுமதி கொடுத்தாங்க. அது பசிபிக் கடற்கரை ஜீவன். தாய் இறால் விமானத்துல வந்து, நீலாங்கரையில தனிமையில இருந்து, சோதனையில தேறின பிறகுதான் ஹாட்சரி வாசலையே மிதிக்கும். கொரோனாவுக்கு எத்தனையோ வருஷம் முன்னாடியே அதுக்குக் குவாரண்டைன் உண்டு. ஆனா மாப்ளே, குறிப்பிட்ட சில கிருமி இல்லாத வம்சத்துல வளர்த்ததுன்னுதான் அவங்க உத்தரவாதம். உன் குட்டைத் தண்ணியில கிருமி இருந்தா அதுக்கும் வரும், நல்லாவே வரும். வந்ததும் பக்கத்துக் குட்டைக்காரன் ஒரு மருந்து சொல்வான், வாங்கிக் கொட்டு. வைரஸுக்கு ஆன்டிபயாடிக் கேக்காது. ஆனா அந்த மருந்து இறால் சதையில தங்கி, பிற நாட்டுத் துறைமுகத்துல கண்டுபிடிச்சு, சரக்கைத் திருப்பி அனுப்புவாங்க. உனக்கும் இறால் மாதிரியே ஒரு வெளிநாட்டுப் பயண அனுபவம் கிடைச்ச மாதிரி இருக்கும்.

இப்பத் தீனிக்கு வா. உன் தாராள மனசு வேலை செய்யப் போற இடம் அதுதான். குட்டைக்கு ஆகுற செலவுல பாதிக்கு மேல தீனிக்குப் போகும். படிச்சவங்க என்ன சொல்றாங்க? இறாலுக்கு வயிறு கொஞ்சூண்டு. மீன் மாதிரி லபக்குன்னு முழுங்காது, குருணையைக் காலால இடுக்கிக் கொறிச்சுக் கொறிச்சுத் திங்கும். அதுக்குள்ள தண்ணியில ஊறுற தீனியிலேர்ந்து சத்து கரைஞ்சு போய்க்கிட்டே இருக்கும். அதனால கொஞ்சம் கொஞ்சமா நாலஞ்சு வேளை போடு, தீனி வச்சு இறக்கின செக் ட்ரேயைத் தூக்கிப் பார், மிச்சம் கிடந்தா அடுத்த வேளைக்குக் குறை. சட்டை உரிக்கிற நாள்ல அது சாப்பிடாது, மெத்துன்னு ஒதுங்கிக் கிடக்கும், அன்னிக்கும் குறை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி உரிக்கிறது அதிகம்னு பண்ணைக்காரங்க பஞ்சாங்கம் பார்த்தே தீனி அளக்கிறதும் உண்டு. இப்படி அளந்து போட்டா ஒரு கிலோ இறாலுக்கு ஒன்னேகால், ஒன்றரை கிலோ தீனியில முடிச்சிடலாமாம்.

கஞ்சப் பயலுங்க. நீ அப்படிச் செய்யாதே. மூட்டையைப் பிரிச்சுக் கொட்டு. தீனிக் கடைக்காரர் தங்கமான மனுஷன், கடனுக்கே கொடுப்பாரு, அறுவடையில கழிச்சுக்குவாரு. செக் ட்ரேயைத் துணி காயப்போட வச்சுக்க. இறால் தின்னது போக மிச்சம் அடியில போய் அழுகும். அழுகினா கருஞ்சேறு, அம்மோனியா, அதைத் தின்னு பெருகுற பாசி. பகல்ல அந்தப் பாசி பிராணவாயு கொடுக்குது, நல்ல பிள்ளை. ராத்திரியில அதுவும் உன் இறால் கூடப் போட்டி போட்டுச் சுவாசிக்கும். விடியறதுக்கு முன்னாடிதான் தண்ணியில பிராணவாயு அளவு அடிமட்டத்துக்கு இறங்கும். அப்ப ஏரேட்டர் சுத்தணும், கரண்டு போனா ஜெனரேட்டர் போடணும், நீ கரையில நிக்கணும். நீயோ சூரியன் உச்சிக்கு வந்த பிறகு பல்லு விளக்குற ஆளு. பரவாயில்லை, காலையில செத்து ஒதுங்கினதை எண்ணுறதுக்கு வெளிச்சம் வேணும்ல.

தீனியை அளக்கிறதுக்கு இப்ப ஒரு மிஷின் வந்திருக்கு. தண்ணிக்குள்ள மைக்கை இறக்கி, இறால் மெல்ற சத்தத்தைக் கேட்டுக்கிட்டே இருக்கும். சத்தம் வந்தா தீனி தூவும், சத்தம் அடங்கினா நிறுத்திடும். முகாம்ல இதைச் சொன்னப்ப வடையை வாயில வச்சுக்கிட்டு நான் மெல்லவே இல்லை. பெத்த தாய் அழுறதே உன் காதுல ஏறலை, இறால் மெல்றது எங்க ஏறப் போகுது? நீ அந்த மிஷினை வாங்கித்தான் ஆகணும்.

தீனிக்குள்ள என்ன இருக்குன்னு என்னிக்காவது கேட்டியா? மீனைக் காய வச்சு அரைச்ச தூள். கடல் மீனைப் பிடிச்சு அரைச்சுக் குட்டை இறாலுக்குப் போட்டு, கடலைக் காப்பாத்துறோம்னு பேனர் கட்டுறது. இந்தக் கூத்து ஆராய்ச்சிக்காரங்களுக்கே உறுத்திப்போய், சோயாப் புண்ணாக்கு, ஈப்புழு, மீன் வெட்டுற இடத்துக் கழிவுன்னு எதை எதையோ மாத்திப் பார்க்கிறாங்க. சோயாவை மட்டும் கொட்டினா சில சத்து பத்தாது, தனியாச் சேர்க்கணும். இன்னொண்ணு கேளு: இறாலுக்குக் கொலஸ்ட்ராலைத் தானாச் செஞ்சுக்கத் தெரியாது, தீனியில வச்சுத்தான் கொடுக்கணும். எனக்கு டாக்டர் வேணாம்னு தள்ளினதை அதுக்கு விலை கொடுத்து ஊட்டுறாங்க. நான் இறால் தின்னக் கூடாதுன்னு உங்கத்தை ஏன் தடுக்கிறாள்னு இப்பத்தான் புரிஞ்சுது.

தீனியே வேணாத தொழிலும் இருக்கு. கேரளாவுல காசர்கோட்டுப் பக்கம் படன்னையில, கழிமுகத்துல மூங்கில் நட்டு, கயித்துல கல்லுமக்காய்ங்கிற சிப்பியோட விதையைச் சுத்தித் தொங்க விடுறாங்க. தண்ணியில மிதக்கிறதை வடிகட்டித் தின்னு அது தானா வளருது. மகளிர் குழுக்கள் செய்யுது. உனக்குச் சரிப்படாது. கொட்டுறதுக்கு மூட்டை இல்லை, சுத்துறதுக்கு மிஷின் இல்லை, அதை வீடியோ எடுத்தா யார் பார்ப்பா?

நெலத்துக்கு வருவோம். மச்சான் விட்டுட்டுப் போன ஒம்பது மா நஞ்சையில பொக்லைனை இறக்கலாம்னு பார்க்கிற. இதே நாகப்பட்டினத்துக் கரையில வயல் உவராப் போகுது, குடிதண்ணி கெடுதுன்னு காந்தியவாதி ஜெகந்நாதன் ஐயா வழக்குப் போட்டு, 1996 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொல்லிச்சு. விவசாய நெலத்தையும் உப்பளத்தையும் இறால் குட்டையா மாத்தக் கூடாது. அதுக்கப்புறம் 2005ல தனிச் சட்டமும் அதுக்குன்னு ஒரு ஆணையமும் வந்து, அந்த ஆணையத்துல பதியாம கடலோரத்துல குட்டை வெட்ட முடியாதுன்னு ஆச்சு. தடுப்பாங்களேன்னு கவலைப்படாதே. மோட்டார் வச்சு உப்புத் தண்ணியை இறைச்சு, பக்கத்து வயக்காரன் கருகின நாத்தைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்து நிக்கிறப்ப அவனுக்கு உன் வீடியோவைப் போட்டுக் காட்டு.

உன்னை வேணாம்னு நான் தடுக்கலை மாப்ளே. ஓடைக்கரையில என் பங்குக்கு விழுந்த உவர்த்திட்டு ஒண்ணு சும்மாத்தான் கிடக்கு. உங்க தாத்தா காலத்துலேர்ந்து அதுல ஒரு மணி நெல் விளைஞ்சது கிடையாது, ஆடு கூட மேயாது, எவனும் வயல்னு வழக்குப் போட முடியாது. மீன்வளத்துறை ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து மண்ணையும் தண்ணியையும் சோதிச்சுக்க, ஆணையத்துல எழுதிப் போடு. வருஷக் குத்தகைதான், பாதி முன்பணம். சொந்தக்காரனாப் போயிட்ட, அதனால பத்திரச் செலவு மட்டும் உன்னுது. முன்பணத்தைப் போன்ல மட்டும் அனுப்பிடாதே, அந்தப் போன் உங்கத்தை கையில இருக்கு. ரொக்கமாவே கொடுத்துடு.