துறைமங்கலத்து ராமென் தம்பி

பெரம்பலூர் கடைவீதி மளிகைக்காரர்களுக்கு இந்தத் தம்பி தூரத்தில் வரும்போதே தெரிந்துவிடும். கையில் பை இருக்காது, செல்பேசி இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டேதான் கேட்பார்.

“அண்ணே, அப்பளக்காரம் இருக்குங்களா?”

“இருக்கு தம்பி. வீட்ல அப்பளம் போடறாங்களா?”

“அப்பளத்துக்கு இல்லண்ணே, நூடுல்ஸுக்கு.”

கடைக்காரர் பொட்டலம் மடிப்பதை நிறுத்திவிட்டு, “அம்மாவுக்குத் தெரியுமா?” என்பார்.

துறைமங்கலத்தில் ஒருவர், நான்குரோட்டுப் பக்கம் ஒருவர் என்று இந்த வகையினர் இப்போது முளைத்துவிட்டார்கள். வயது 25-க்கு மேல், 32-க்குள். பொறியியல் படித்துவிட்டு, பெங்களூருக் கம்பெனிக்கு வீட்டு மாடியிலிருந்து வேலை பார்ப்பவர்கள். பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நரூட்டோ என்ற ஜப்பான் கார்ட்டூனில் அந்தப் பையன் ராமென் என்ற நூடுல்ஸைக் கிண்ணம் கிண்ணமாக உறிஞ்சித் தள்ளுவதைப் பார்த்துத்தான் பலருக்கும் இந்தப் பித்து தொற்றியது. கொரியத் தொடர் பார்க்கிற தங்கை, “இது எங்க ராம்யோன்தானே?” என்று கேட்டுவிட்டால் இரண்டு நாளைக்கு அந்த வீட்டில் பேச்சுவார்த்தை கிடையாது.

இந்த ஊரில் எதுவுமே கிடைக்காது என்பது தம்பியின் ஓயாத புகார். நான் பார்த்தவரை அதுதான் அவருடைய பெரிய சந்தோஷமும். எல்லாம் கிடைக்கிற ஊராக இருந்திருந்தால் அவர் ராமென் செய்தே இருக்கமாட்டார். கடையில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்திருப்பார்.

சாறு எடுக்கக் கோம்பு என்ற கடற்பாசி வேண்டும். பெரம்பலூரில் ரயிலே கிடையாது, கடலுக்கு எங்கே போவது? பக்கத்து அரியலூரில் கடல் இருந்தது, சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்னால். அந்தக் கடலின் சிப்பியும் நத்தையும் கல்லாகி வாரணவாசி அருங்காட்சியகத்தில் கிடக்கின்றன. “கொஞ்சம் லேட்டாப் பொறந்துட்டேன்” என்று தம்பி பெருமூச்சு விடும்போது முகத்தில் சிரிப்பைத் தேடாதீர்கள், இருக்காது. வேறு வழியில்லாமல் அஜினோமோட்டோவைக் கையில் எடுப்பார். “அது ஒடம்புக்கு ஆகாதுடா” என்று அம்மா தடுத்தால் போச்சு, பிரசங்கம் ஆரம்பித்துவிடும்: 1908-இல் டோக்கியோவில் கிகுனே இகேடா என்ற பேராசிரியர் கோம்புச் சாற்றைக் காய்ச்சித்தான் இந்தச் சுவையின் மூலப்பொருளைப் பிரித்தெடுத்தார், இதுவும் அதுவும் ஒன்றுதான் என்று. அம்மா கேட்டுக்கொண்டே டப்பாவை எடுத்து மேல் அலமாரியில் வைத்துவிடுவார்.

அடுத்தது கட்சுவோபுஷி. சூரை மீனை அவித்து, புகைகாட்டி, கட்டையாகக் காயவைத்து, சீவல் சீவலாகச் சாற்றில் போடுவது. இதற்குத் தம்பி பிடித்த மாற்று மட்டும் மெய்யாகவே சபாஷ் போட வைத்தது. மாசிக் கருவாடு! மாலத்தீவிலும் லட்சத்தீவிலும் அதே சூரையை ஏறக்குறைய அதே மாதிரிதான் அவித்துப் புகையூட்டிக் காயவைக்கிறார்கள். தூத்துக்குடிப் பக்கம் அதை இடித்துச் சம்பல் செய்வார்கள். கல்லூரி நண்பன் ஒருவன் தூத்துக்குடியிலிருந்து பஸ்ஸில் போட்டுவிட, புது பஸ் ஸ்டாண்டில் போய் வாங்கிக்கொண்டு வந்தார். வந்தது வெறும் கட்டை. கத்தி இறங்கவில்லை. அம்மிக்குழவியால் அடித்தால் தூளாகிறதே ஒழியச் சீவல் வரவில்லை. ஜப்பானில் இதற்கென்றே இழைப்புளி பதித்த பெட்டி வைத்திருப்பதாகப் படித்திருந்தார். நேரே மரப்பட்டறைக்குப் போய், கருவாட்டை ஆசாரியிடம் நீட்டினார்.

ஆசாரி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் தட்டினார். முகர்ந்தார்.

“இது என்ன மரம் தம்பி?”

விஷயம் தெரிந்த பிறகும் அவர் திட்டவில்லை. தொழில்காரர் அல்லவா, கேட்டதும் கை துறுதுறுத்திருக்கிறது. இழைப்புளியின் கத்தியை மெல்லிசாக வைத்து இழுத்தார். காகிதம் போலச் சுருள் சுருளாக வந்து விழுந்தது. அன்று மாலை வரை பட்டறையைச் சுற்றி ஏழெட்டுப் பூனை. அந்தத் தெருவில் அன்றைக்குத்தான் இத்தனை பூனை இருப்பதே தெரிந்தது.

மாவு விஷயத்துக்கு வருவோம். முதலில் சமையல் சோடாவை இருப்புச்சட்டியில் ஒரு மணி நேரம் வறுத்து பாட்டிலில் அடைத்து வைத்தார். அப்படிச் சூடாக்கினால் அது சோடியம் கார்பனேட், அதாவது சலவை சோடா ஆகிவிடும். அதில் ஒரு சிட்டிகை சேர்த்தால்தான் மாவு லேசாக மஞ்சளித்து, இழை வாயில் துள்ளும். அம்மாவுக்கு வேதியியல் தெரியாது, ஆனால் பொருளைத் தொட்டாலே தெரிந்துவிடும். பாட்டில் அரை நாளில் காலி. எண்ணெய்ப் பிசுக்கேறிய சமையலறை டைல்ஸ் பளபளவென்று நின்றது. அதற்குப் பிறகுதான் அதே வேலைக்குக் கடைவீதியில் அப்பளக்கார விசாரணை.

ராமென் மாவில் தண்ணீர் பஞ்சம். 100 கிராம் மைதாவுக்கு 40 மில்லிக்கு மேல் போகக்கூடாது என்பார் தம்பி. அது மாவாகவே திரளாது, புட்டுமாவு மாதிரி உதிரும். கையால் பிசைந்து பார்த்து, மணிக்கட்டு வலித்து, கடைசியில் பாலிதீன் பைக்குள் போட்டுக் கட்டித் தரையில் வைத்து ஏறி மிதித்தார். அந்த நேரம் பார்த்து அப்பாயி உள்ளே வந்துவிட்டார்.

“அடப்பாவி! திங்கிற பண்டத்த மிதிக்கிறானே! ஏண்டி, இவன என்னன்னு கேக்கமாட்டியா?”

“அப்பாயி, ஜப்பான்ல இப்படித்தான் மிதிப்பாங்க.”

“அதான் அவனுக நாட்ல வாரத்துக்கொரு தடவ பூமி ஆடுது.”

மிதித்த மாவை ஓமப்பொடி அச்சு போட்டு முறுக்குக் குழலில் பிழியப் பார்த்ததில் குழலின் ஒரு காது உடைந்தது. அது அப்பாயி சீதனமாகக் கொண்டுவந்தது. இதற்கு மேல் அந்த வீட்டில் நடந்ததை எழுதுவது நாகரிகமில்லை.

காரம் மட்டும்தான் தம்பி யாரிடமும் கையேந்தாத துறை. நல்லெண்ணெயைக் காய்ச்சி, குண்டுமிளகாயைக் கரகரப்பாக அரைத்துப் போட்டு, வறுத்த எள்ளையும் சேர்த்தால் ஜப்பான்காரன் ராயு என்று சீசாவில் விற்பதற்கு அண்ணன் வந்து நிற்கும். அதில் செட்டிகுளம் பக்கத்துச் சின்ன வெங்காயத்தைக் கருகக் கருக வதக்கிப் போடுவார். வெங்காயப் பட்டறையில் கிடந்து காய்ந்ததாக இருக்கவேண்டும், ஈர வெங்காயம் ஆகாது. இதற்குப் ‘பெரம்பலூர் பாணி’ என்று பெயரே வைத்துவிட்டார்.

வைத்ததுதான் தாமதம், அரியலூர் மச்சான் கிளம்பிவிட்டார். எல்லா ராமென் தம்பிக்கும் வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு மச்சான் உண்டு. சப்போரோவுக்கு மிசோ என்ற சோயா விழுது, ஹகாட்டாவுக்குப் பன்றி எலும்பு என்று ஊருக்கொரு ராமென் இருக்கும்போது அரியலூருக்கு மட்டும் ஏன் இருக்கக்கூடாது என்பது அவர் கட்சி. சீனாவின் சிச்சுவானிலிருந்து ஜப்பானுக்குக் குடிபோன சென் கென்மின் என்ற சமையல்காரர், தன் ஊர் நூடுல்ஸைச் சாறு ஊற்றி, எள் விழுதால் காரத்தைத் தணித்துத் தந்தன்மென் ஆக்கினாரே, அதில் எள்ளை எடுத்துவிட்டு ஜெயங்கொண்டம் முந்திரியை அரைத்து ஊற்றினார் மச்சான். படம் வந்தது. தம்பி பதில் போட்டார்: “மச்சான், சாறா, உங்க ஊர் சிமெண்டா?”

“எங்க ஊர்ல ரயில் நிக்குது மாப்ள. நீங்க பஸ் ஸ்டாண்டுல கருவாட்டுக்குக் காத்துக் கெடங்க.”

இந்தப் பகை ராமெனில் தொடங்கியதல்ல. பெரம்பலூரிலிருந்து 2001-இல் அரியலூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது, 2002-இல் திரும்ப ஒட்டியது, 2007-இல் மறுபடி பிரிந்தது. பாகப்பிரிவினையில் இன்னும் ஏதோ பாக்கி இருப்பதாகவே இரண்டு பேருக்கும் நினைப்பு. நான் இரண்டையும் சாப்பிட்டிருக்கிறேன். முந்திரிதான் ஒரு பிடி தூக்கல். இதைத் துறைமங்கலத்தில் சொல்லவில்லை.

பரிமாறும் நேரம்தான் கொடுமை. முட்டை சரியாக ஆறரை நிமிடம் வெந்து, மஞ்சள் கரு தேன்பதத்தில் நிற்கவேண்டும். தம்பி கிண்ணம் எடுத்துவருவதற்குள் அம்மா “பச்சையா இருக்கே” என்று திரும்பக் கொதிநீரில் போட்டிருப்பார். அப்பா ஒரு வாய் உறிஞ்சி, “நல்லாருக்குப்பா” என்பார்.

“நல்லால்லப்பா.”

“இல்லடா, நெசமாவே நல்லாருக்கு.”

“ஒரிஜினல் இப்படி இருக்காதுப்பா. இதுல கோம்பு இல்ல. மாவுல காரம் பத்தல. முட்ட வெந்துபோச்சு.”

பாராட்டை இவ்வளவு கடுமையாக மறுக்கிறவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஒரிஜினலை அவரும் சாப்பிட்டதில்லை. ஜப்பானுக்கே அது சீனாவிலிருந்து வந்த சரக்குதான். 1910-இல் டோக்கியோ அசகுசாவில் ராய்ராய்கென் கடை அதைப் பிரபலமாக்கியபோது, சீனச் சமையல்காரர்கள் அங்கே கிடைத்ததைப் போட்டுச் சமாளித்தவர்கள்தானே. இதைச் சொன்னால் தம்பி ஒப்புக்கொள்வார். ஒப்புக்கொண்டு, “அதுக்காக மாசியப் போடலாமா?” என்பார், போட்டவரே அவர்தான் என்பதை மறந்து.

அடுத்துத் தம்பிக்கு மிசோ ஆசை வந்தது. அது இப்போதெல்லாம் இணையத்தில் சொன்னால் டப்பாவாகவே வீட்டுக்கு வந்துவிடும். தங்கை விலையோடு எடுத்துக் காட்டினாள். “வாங்கிட்டா அப்பறம் என்ன இருக்கு?” என்றார் தம்பி. வெந்த அரிசியில் கோஜிப் பூஞ்சை வளர்த்து, அவித்த சோயாவோடும் உப்போடும் இடித்து ஜாடியில் அடைத்து மாதக்கணக்கில் ஊறவிடவேண்டும். பூஞ்சை வித்து மட்டும் கூரியரில் வந்தது. வெக்கைக்கு பெரம்பலூரில் பஞ்சமில்லை.

இப்போது பத்து நாளாக அந்த வீட்டில் ஒரு வாடை. எலி செத்திருக்கிறது என்று பீரோவை நகர்த்தினார்கள், கட்டிலைத் தூக்கினார்கள், தெரிந்தவரைக் கூப்பிட்டுத் தண்ணீர்த் தொட்டியைக்கூடத் திறந்து பார்த்தார்கள். நேற்று அப்பா டார்ச்சும் விளக்குமாறுமாக ஏணி போட்டுப் பரணில் ஏறினார். மாடியில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்த தம்பி ஹெட்போனைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

“அப்பா, அந்த ஜாடியத் தொட்டுடாதீங்க! இன்னும் நாலு மாசம் ஊறணும்!”