மூன்றாவது மாடியில் ஒரு சென்ட்

அப்பா முதல்முறை எங்கள் ஃபிளாட்டுக்கு வந்தபோது உள்ளேயே வரவில்லை. லிஃப்டில் மூன்றாவது மாடிக்கு ஏறி வந்தவர், வாசலில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏங்கண்ணு, இதுல நம்ம மண்ணு எங்க?"

2012இல் கோவை வடவள்ளியில் நான் வாங்கிய டபுள் பெட்ரூம் வீடு அது. அப்பா அவிநாசிப் பக்கம் ஆயுசு முழுக்க ஏக்கரிலும் சென்ட்டிலும் வாழ்ந்தவர். வாய்வார்த்தையை நம்ப மாட்டார் என்பதால் பத்திரத்தையே எடுத்து நீட்டினேன். பொதுவில் பிரிபடாத பாகம் 480 சதுர அடி என்று போட்டிருந்தது. ஒரு சென்ட்டுக்கு 436 என்று மனசுக்குள்ளேயே வகுத்து, "ஒரு சென்ட்டு, கொஞ்சம் சில்லறை" என்றார். அடுத்து நான்கு எல்லையைப் படித்தார். வடக்கே தார்ரோடு, தெற்கே யாரோ ஒருவருடைய காலிமனை. எங்கள் கட்டடத்தின் இருபத்திரண்டு வீட்டுக்காரர்களுக்கும் அதே நான்கு எல்லைதான்.

"நம்மளுது எந்த மூலை?"

"எந்த மூலையுமில்லீங்கப்பா. எல்லா இடத்துலயும் இருக்குது."

"சாமி மாதிரியா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. அதற்குள் இன்னும் நாலு பக்கம் புரட்டி, "இதுல வீட்டையே காணமே?" என்றார். அதுவும் நிஜம். அப்போதெல்லாம் தமிழ்நாட்டில் புது ஃபிளாட் வாங்கினால் மனைப் பாகத்துக்கு மட்டும்தான் விற்பனைப் பத்திரம்; வீட்டைக் கட்டித்தர பில்டரோடு தனியாகக் கட்டுமான ஒப்பந்தம். இரண்டையும் சேர்த்து ஒரே பத்திரமாகப் பதிய வேண்டும் என்று வந்தது 2023 டிசம்பரில்தான். ஆக, எனக்கு மண் இருந்தது, எங்கே என்று தெரியாது. வீடு இருந்தது, பத்திரத்தில் கிடையாது.

அப்பா அத்தோடு விடவில்லை. மனைவியின் தையல் டேப்பை வாங்கி, அறை அறையாக அளந்தார். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து நகர்ந்தேன். விலை பேசியது 1,150 சதுர அடிக்கு. டேப் காட்டியது 842. பரண் வரைக்கும் ஏறிப் பார்த்தும் மீதி 308 கிடைக்கவில்லை. புரோக்கருக்குப் போன் போட்டேன்.

"அது சூப்பர் பில்டப்புங்ணா."

"அதான் தெரியுதே!"

திட்டவில்லையாம், விளக்குகிறாராம். படிக்கட்டு, லிஃப்ட், சுவரின் கனம், வாட்ச்மேன் ரூம், மோட்டார் ரூம் எல்லாவற்றிலும் என் பங்கு கொஞ்சம் கொஞ்சம் கலந்திருக்கிறது. அன்றிலிருந்து வாட்ச்மேன் நாற்காலியில் தூங்கும்போதெல்லாம் என் இரண்டு சதுர அடியில் தூங்குகிறார் என்றுதான் எனக்குத் தோன்றும். 2016இல் ரெரா சட்டம் வந்து, கார்ப்பெட் ஏரியாவைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்றது. சொல்கிறார்கள். பெரிய எண்ணைப் பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, கார்ப்பெட்டைக் கண்ணாடி போட்டுத் தேடும்படி சொல்கிறார்கள்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், மோட்டார் ரூமுக்குப் பின்னால் அப்பா ஒரு கறிவேப்பிலைக் கன்றை நட்டுவிட்டார். செகரட்டரி மூச்சிரைக்க வந்தார். "பெரியவரே, இது காமன் ஏரியாங்க."

"எம்பையன் பங்குல வெச்சனுங்க."

"இது உங்க பையன் பங்குன்னு யாரு சொன்னா?"

"இல்லீன்னு பத்திரத்துல எங்க போட்டிருக்குது, காட்டுங்க. இப்பவே புடுங்கிடறேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அசோசியேஷன் கூட்டத்தில் இரண்டே விஷயம். ஒன்று லிஃப்ட் பராமரிப்பு, இரண்டு கறிவேப்பிலை. இரண்டாவதை முதலில் எடுத்துக்கொண்டார்கள். ஒன்றரை மணி நேரம் பேசி, கன்று இருக்கலாம், ஆனால் அது யாருடையதும் அல்ல என்று முடிவானது. லிஃப்டை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்தார்கள். அந்த அடுத்த கூட்டம் எத்தனையோ வருஷம் வரவில்லை.

வீட்டை விற்க வேண்டி வந்ததும் அந்த லிஃப்டால்தான். மாதத்தில் பத்து நாள் நின்றுவிடும். அப்பாவும் அம்மாவும் எங்களோடு வந்துவிட்டிருந்தார்கள், அம்மாவுக்கு மூட்டுவலி. 2024இல் தரைத்தளத்தில் தனி வீடு பார்த்துவிட்டு, இதை விலை சொன்னோம்.

விற்கத் தொடங்கிய அன்றே என் நாக்கு கட்சி மாறிவிட்டது. வாங்கும்போது டைல்ஸை ஒரு ரூபாய்க் காசால் தட்டித் தட்டிப் பார்த்தவன் நான். இப்போது வருகிறவர்களிடம் கண்ணைச் சிமிட்டாமல், "1,150 சதுர அடிங்க" என்றேன். பால்கனியில் நின்றால் மருதமலை தெரியும் என்று எனக்குச் சொல்லித்தான் விற்றார்கள். இடையில் முன்னால் ஓர் ஐந்து மாடி முளைத்துவிட்டது. இருந்தாலும் இடதுபக்கக் கம்பியைப் பிடித்துக் கழுத்தைக் கொஞ்சம் நீட்டினால் மலையின் ஒரு துண்டு கிடைக்கும். அப்படி நீட்டிய ஒருவரை அவர் மனைவி சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று. லிஃப்ட் ஓடுகிறதா என்று வாட்ச்மேனிடம் கேட்டுக்கொண்டுதான் புரோக்கரை வரச்சொல்வேன்.

வாஸ்து பார்க்க ஒருவர் செல்போனில் திசைகாட்டியோடு வந்தார். சமையலறை அக்கினி மூலையில் சரியாக விழவில்லை என்று உதட்டைப் பிதுக்கினார். இரும்பு பீரோ பக்கத்தில் நின்றால் முள் கொஞ்சம் திரும்பும் என்பது எனக்குத் தெரியும். காபி டம்ளரை பீரோவை ஒட்டிய ஸ்டூலில் வைத்து, "இங்க வந்து உக்காருங்க சார்" என்றேன். முள் திரும்பியது. வீடு இன்னும் மோசமான திசைக்குப் போய்விட்டது. மனுஷன் காபியைக்கூட முடிக்கவில்லை.

கடைசியில் பொள்ளாச்சியிலிருந்து ஒரு குடும்பம். மகனும் மருமகளும் மாடுலர் கிச்சனைத் திறந்து மூடிக்கொண்டிருக்க, கூட வந்த பாட்டி மட்டும் வாசலைத் தாண்டவில்லை.

"ஏந்தம்பி, இதுல மண்ணு எங்க இருக்குது?"

என் பின்னால் அப்பா செருமினார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டியைக் கீழே கூட்டிப்போய், மோட்டார் ரூமுக்குப் பின்னால் என் தலைக்கு மேல் வளர்ந்திருந்த கறிவேப்பிலை மரத்தைக் காட்டினேன். "இதுதானுங்கம்மா." பாட்டி ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்து பார்த்தார். கூடவே இறங்கி வந்திருந்த அப்பா காம்பவுண்டு சுவரை ரொம்ப சிரத்தையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலமே டோக்கன் அட்வான்ஸ் வந்துவிட்டது.

ஒரு முகூர்த்த நாளில் பதிவு. நூறு டோக்கனுக்குப் பதில் நூற்றைம்பது கொடுக்கும் நாள் என்பதால் கல்யாண மண்டபம் மாதிரிக் கூட்டம். பந்தி மட்டும்தான் இல்லை. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று அவர்கள் கட்டினார்கள். நான் விரல் ரேகை வைத்தேன். பத்திரத்தில் அதே 480 சதுர அடி, அதே நான்கு எல்லை. மரத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஒரு மாதம் கழித்து, பழைய விலாசத்துக்கு வந்த கூரியரை வாங்கப் போனேன். வந்ததுதான் வந்தோம், ரசத்துக்கு ஆகும் என்று மோட்டார் ரூம் பக்கம் போய் இரண்டு கொத்து ஒடித்தேன். வாட்ச்மேன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"சார், மூணாவது மாடிப் பாட்டிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பறிச்சுக்கங்க. அது அவங்க பங்காமா."